மேசைமேல் ஒரு டிராம் பாதை: வாசகர் கேள்வி – பதில்

மாதிரி ரயில்களைச் சேகரிப்பது, அவற்றுக்குப் பாதை அமைப்பது ஆகியவை பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். டிராம் பற்றிக் கேட்டவர்களுக்குச் சற்றுக் கூடுதலாக இடம் கொடுத்திருப்பதற்கு என் சொந்தப் பிரியமும் ஒரு காரணம்.

கேள்வி: என்னிடம் இருப்பது 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் கொண்ட ஒரே ஒரு மேசை. எச்ஓ (HO), ஓஓ (OO), ‘என்’ (N) என்று பெட்டிகளில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளுக்கு என்ன பொருள்? இந்த மேசைக்கு எதை வாங்கலாம்?

பதில்: வாங்குவதற்கு முன்னால் மேசையை அளந்திருக்கிறீர்கள், பாதி வேலை முடிந்துவிட்டது. அந்த எழுத்துகள் இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்கின்றன. உண்மையான வண்டியை எத்தனை பங்காகச் சுருக்கியிருக்கிறார்கள் என்னும் விகிதம் ஒன்று. இரு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி, அதாவது கேஜ், மற்றொன்று. எச்ஓ என்றால் 87-இல் ஒரு பங்கு, கேஜ் 16.5 மி.மீ. இரண்டையும் பெருக்கினால் 1,435 மி.மீ. கிடைக்கும். உலகின் பல நாடுகளில் உள்ள நிலையான ரயில் பாதையின் இடைவெளி அதுதான். ‘என்’ என்பது 160-இல் ஒரு பங்கு, 9 மி.மீ.; இசட் (Z) என்பது 220-இல் ஒரு பங்கு, 6.5 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் இவையும் ஏறக்குறைய அதே எண்ணில்தான் வந்து நிற்கும்.

ஓஓ மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது. பிரிட்டனின் ரயில் எஞ்சின்கள் ஐரோப்பியப் பெருநிலத்தின் எஞ்சின்களைவிட உருவில் ஒடுங்கியவை. மாதிரிகளுக்கு அன்று கிடைத்த மோட்டார்களோ பருத்தவை. 87-இல் ஒரு பங்காகச் சுருக்கிய பிரிட்டிஷ் எஞ்சினுக்குள் மோட்டார் நுழையவில்லை என்பதால், தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு வண்டியின் உடலை மட்டும் 76-இல் ஒரு பங்காகப் பெரிதாக்கினார்கள். அதனால் ஓஓ எஞ்சினை நேர் எதிரே குனிந்து பார்த்தால், அகன்ற உடம்புக்குக் கால்கள் நெருங்கி நிற்பதுபோல் தோன்றும். எனக்கு அது கண்ணை உறுத்தும். பக்கவாட்டிலிருந்தே பார்த்து ஆயுள் முழுவதும் மகிழ்ந்தவர்களும் உண்டு.

இனி உங்கள் மேசைக்கு வருவோம். ஆயத்தமாக விற்கப்படும் எச்ஓ தண்டவாளத் துண்டுகளில் வழக்கமான மிகச் சிறிய வளைவின் ஆரம் 36 செ.மீ. அளவில் இருக்கும். அதில் ஒரு வட்டம் போட 72 செ.மீ. அகலம் வேண்டும், உங்களிடம் 60 செ.மீ. மட்டுமே இருப்பதால் எச்ஓ ரயில் இந்த மேசையில் திரும்பவே முடியாது. ‘என்’ அளவில் 25 செ.மீ. ஆரம் பரவலாகக் கிடைக்கிறது. வட்டத்துக்கு 50 செ.மீ. போனாலும் இரு ஓரங்களிலும் ஐந்தைந்து செ.மீ. மிஞ்சும். ஆனால், ‘என்’ அளவிலும் நீண்ட பயணிகள் பெட்டிகள் இத்தனை இறுக்கமான வளைவில் முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டு போவதுபோலத்தான் போகும்.

டிராமுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பதே அதன் பெரிய வரம். நகரத் தெரு முனைகளில் திரும்புவதற்கென்றே உருவான வண்டி அது. 20 மீட்டர் ஆரமுள்ள வளைவு உண்மையான டிராமுக்கு அன்றாடம். அதை 87-ஆல் வகுத்தால் 23 செ.மீ. வருகிறது. ஆகவே எச்ஓ டிராம் உங்கள் மேசையில் எந்தச் சமரசமும் இல்லாமல், உண்மையான விகிதத்திலேயே திரும்பும். பிராக் நகரில் வடிவமைக்கப்பட்டு ஏறக்குறைய 14,000 எண்ணிக்கையில் உற்பத்தியான டாட்ரா டி3 டிராமின் நீளம் 14 மீட்டர். எச்ஓவில் அது 16 செ.மீ. மேசையில் அப்படி இரண்டு வண்டிகளும் ஒரு தெருவும் தாராளமாக அடங்கும். ரயிலே வேண்டும் என்றால் ‘என்’ அளவை வாங்குங்கள். என்னைக் கேட்டால் எச்ஓ டிராம் என்றே சொல்வேன்.

கேள்வி: டிராம் பாதையின் கடைசி நிறுத்தத்தில் வண்டி வட்டமடித்து வந்த வழியே திரும்பும்படி ஒரு சுற்றுப்பாதை அமைத்தேன். கடைசித் துண்டைப் பொருத்தியதும் மின்சாரம் நின்றுவிடுகிறது. தண்டவாளத்தில் குறையா, டிரான்ஸ்பார்மரில் குறையா?

பதில்: இரண்டிலும் குறையில்லை. இருதண்டவாள முறையில் ஒரு தண்டவாளம் நேர்முனை, மற்றது எதிர்முனை. சுற்றுப்பாதையில் இடப்பக்கத் தண்டவாளத்தை விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பாருங்கள்: வட்டத்தைச் சுற்றிப் பழைய இடத்துக்கு வரும்போது அது வலப்பக்கத் தண்டவாளத்தோடு போய்ச் சேர்ந்திருக்கும். இரு முனைகளும் நேரடியாக இணைவதால் ஷார்ட் சர்க்கியூட் ஆகிறது. டிரான்ஸ்பார்மர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. அது நின்றதற்கு நன்றி சொல்லுங்கள்.

வழக்கமான தீர்வு, சுற்றுப்பாதையின் ஒரு பகுதியை இரு நுனிகளிலும், இரு தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் இணைப்பான் கொண்டு துண்டித்து, அதற்குத் தனியாக மின்சாரம் கொடுப்பது. துண்டித்த பகுதி, அதில் ஓடும் மிக நீளமான வண்டித் தொடரைவிட நீளமாக இருக்க வேண்டும். இல்லையேல் முன்சக்கரம் ஒரு நுனியையும் பின்சக்கரம் மறு நுனியையும் ஒரே நேரத்தில் மிதித்து, பழைய ஷார்ட் சர்க்கியூட்டையே திரும்பக் கொண்டுவரும். சாதாரண நேர்மின்னோட்ட முறையில், வண்டி அந்தப் பகுதிக்குள் இருக்கும்போது நிறுத்தி, இருமுனை மாற்று ஸ்விட்ச் ஒன்றால் வெளிப்பாதையின் முனைகளை மாற்ற வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியே கட்டளை அனுப்பும் டிஜிட்டல் முறையில் இதைத் தானாகவே செய்யும் சிறிய மின்சுற்றுப் பலகை கிடைக்கிறது. மெர்க்லின் நிறுவனத்தின் எச்ஓ பாதையில் இரு தண்டவாளங்களும் ஒரே முனை. மறுமுனை நடுவிலுள்ள சிறு உலோகப் புள்ளிகளின் வழியே வருகிறது. அந்தப் பாதையில் இந்தத் தலைவலியே எழாது.

டிராம் பாதை போடுவோருக்கு மட்டும் இன்னொரு வழி திறந்திருக்கிறது. உண்மையான டிராம் செய்வதையே நாமும் செய்யலாம். தலைக்கு மேலே ஓடும் கம்பியை ஒரு முனையாகவும், இரு தண்டவாளங்களையும் சேர்த்து மறுமுனையாகவும் வைத்துக்கொண்டால், சுற்றுப்பாதை எத்தனை இருந்தாலும் முனைகள் மோதுவதற்கு இடமில்லை. அதோடு ஒரு வியப்பும் உண்டு. இருதண்டவாள முறையில் வண்டியைத் தூக்கித் திருப்பி வைத்தாலும் அது மேசையின் அதே திசையில்தான் ஓடும். மேல்கம்பி முறையிலோ வண்டி எப்பக்கம் முகம் வைத்திருக்கிறதோ அப்பக்கம் ஓடும். வட்டமடித்துத் திரும்பும் டிராமுக்கு வேண்டியதும் அதுதான்.

இதற்குச் சிறிது உழைப்புத் தேவை. கடையில் வாங்கிய வண்டியில் இடச்சக்கரங்கள் மோட்டாரின் ஒரு முனைக்கும் வலச்சக்கரங்கள் மறுமுனைக்கும் மின்சாரம் கொடுக்கும்; அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டு, மேல்கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் கூரைக் கம்பத்திலிருந்து ஓர் ஒயரை மோட்டாரின் மறுமுனைக்குப் பற்றவைக்க வேண்டும். கம்பிக்குச் செம்பு உதவாது, தொய்ந்துவிடும். விறைப்பாக நிற்கும் பாஸ்பர் வெண்கலக் கம்பியே நல்லது. உண்மையில் கம்பி தெருமட்டத்திலிருந்து சுமார் ஐந்தரை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்று கொண்டால், எச்ஓவில் அது 63 மி.மீ. வளைவுகளில் கம்பியை வளைக்காதீர்கள். நேர்க்கோட்டுத் துண்டுகளாகவே கட்டி, வளைவு இறுக இறுகக் கம்பங்களை நெருக்கி நடுங்கள். நுனியில் சிறு சக்கரமோ காலணிபோன்ற பற்றுதுண்டோ உள்ள ஒற்றைக் கம்பம் கொண்ட வண்டிக்குக் கம்பி சிறிது விலகினாலும் பிடி நழுவிவிடும். கம்பியைத் தொடும் அகன்ற சட்டமான பான்டோகிராப் கொண்ட வண்டி அந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் என்பதால், முதல் முயற்சிக்கு அதையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: தண்டவாளத்தைத் தெருவுக்குள் பதிப்பது எப்படி?

பதில்: முதலில், பதிக்காமலே ஒரு வாரம் ஓட்டுங்கள். பாதை திறந்து கிடக்கும்போது ஐந்து நிமிடத்தில் சரிசெய்யக்கூடிய இணைப்புக் குறை, தெருவைப் பூசியபின் பாதித் தெருவைப் பெயர்க்க வைக்கும். இதை நான் இருமுறை செய்தவன். ஏறக்குறைய ஒவ்வொரு மீட்டருக்கும் ஓர் ஒயர் கீழிருந்து வந்து தண்டவாளத்தில் பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும். துண்டுகளை இணைக்கும் உலோகத் தகட்டை மின்சாரத்துக்கு நம்பக்கூடாது.

தெருமட்டத்தை அட்டையாலும் எழுப்பலாம், சுண்ணச்சாந்து போன்ற பூச்சாலும் எழுப்பலாம். எதுவானாலும் தண்டவாளத்தின் தலையைவிட மயிரிழை தாழ்ந்தே இருக்க வேண்டும். உயர்ந்துவிட்டால் சக்கரம் மின்சாரத்தைத் தொடாமல் தெருவின்மேல் ஏறி நிற்கும், துடைக்கும் துணியும் தண்டவாளத்தைத் தொடாது. உட்பக்கத்தில் சக்கர விளிம்பு ஓடும் பள்ளத்தைப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே கீறி எடுத்துவிடுங்கள். பழைய மாதிரிகளின் சக்கர விளிம்பு இன்றையவற்றைவிட ஆழமானது என்பதால், உங்களிடம் இருக்கும் மிகப் பழைய வண்டியை வைத்தே பள்ளத்தின் ஆழத்தைச் சோதியுங்கள்.

வளைவில் இரு பாதைகள் அருகருகே போகின்றன என்றால், வண்டியின் முன்மூலை வெளிப்பக்கமும் நடுவுடல் உட்பக்கமும் பிதுங்கும். வண்டியின் மூலையிலும் நடுவிலும் பென்சில் முனையை ஒட்டி, கீழே தாள் விரித்து ஒருமுறை மெல்ல உருட்டினால், நடைமேடையும் விளக்குக் கம்பமும் எங்கே நிற்கலாம் என்பதைத் தாளே வரைந்து காட்டிவிடும்.

கேள்வி: எல்லாம் சரியாக அமைத்தும் என் டிராம் பொம்மைபோல் ஓடுகிறதே, ஏன்?

பதில்: வேகம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும் டிராம் எச்ஓவில் நொடிக்கு 9.6 செ.மீ. நகர வேண்டும்; 120 செ.மீ. மேசையைக் கடக்க அதற்குப் பன்னிரண்டரை நொடி ஆகும். நீங்கள் அதை மூன்று நொடியில் கடக்க வைத்தால் தெருவில் மணிக்கு 125 கி.மீ. வேகத்தில் டிராம் ஓட்டுகிறீர்கள் என்று பொருள்.

மெல்ல ஓட்டினால் நின்று நின்று போகிறது என்பது அடுத்த புகாராக வரும். நான்கே சக்கரமுள்ள வண்டியில் ஒரு சக்கரத்தின் அழுக்கும் மின்சாரத்தைத் தடுக்கும். நான்கு சக்கரமும் மின்சாரம் எடுக்கின்றனவா என்று பாருங்கள்; வண்டியின் அடியில் சிறிது எடை சேருங்கள்; தண்டவாளத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த, நூல் உதிராத துணியால் துடையுங்கள். உப்புத்தாள் மட்டும் வேண்டாம். அது உண்டாக்கும் கீறல்களில் அழுக்கு முன்னைவிட விரைவாகக் குடியேறும்.

கேள்வி: டிஜிட்டல் கட்டுப்பாடு அவசியமா?

பதில்: ஒரே வண்டி, ஒரே பாதை என்றால் அவசியமில்லை. ஒரே தெருவில் இரண்டு, மூன்று வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று போக வேண்டும் என்றால் டிசிசி (DCC) என்னும் டிஜிட்டல் முறைக்கு மாறுங்கள். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கி, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் பொதுத் தரமாக ஏற்றுக்கொண்ட முறை அது. ஆகவே ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக் கருவி மற்றொரு நிறுவனத்தின் டிகோடருடன், அதாவது வண்டிக்குள் இருந்து கட்டளையை வாங்கும் சிறு மின்சுற்றுடன், பேசும். புதிய டிகோடர் பொதுவாக 3 என்னும் முகவரியோடு வரும். ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியே பாதையில் வைத்து முகவரி எண்ணை மாற்றிவிடுங்கள். மறந்தால், நீங்கள் ஒன்றை அழைக்க எல்லாமே கிளம்பும்.

கேள்வி: போருக்கு முந்தைய பழைய எஞ்சின் ஒன்று விலைக்கு வருகிறது. பெட்டியும் உடன் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: பெட்டியைப் பார்த்து மயங்காமல், உலோகத்தைப் பாருங்கள். 1891-இல் லைப்சிக் சந்தையில் மெர்க்லின் நிறுவனம் குறிப்பிட்ட கேஜ் அளவுகளில் தண்டவாளத்தையும் வண்டியையும் அறிமுகப்படுத்தியது. வாங்கியதோடு மேலும் வாங்கிச் சேர்க்கலாம் என்னும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது. ஆனால் தொடக்க காலத்தவை பெரும்பாலும் தகர வண்டிகள். பிற்பாடு வந்த துத்தநாகக் கலவை வார்ப்புகளில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கலவையில் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டாலும் உலோகத்தின் நுண்ணிய படிகங்களுக்கு நடுவே அரிப்புத் தொடங்கி, வார்ப்பு உப்பி, வெடித்து, கடைசியில் விரல் பட்டாலே உதிரும். ஈரக்காற்று அதை விரைவுபடுத்தும். பக்கத்து வண்டிக்குத் தொற்றும் என்று சில சேகரிப்பாளர்கள் அஞ்சுகிறார்கள்; தொற்றாது. ஆனால் பிடித்ததற்கு மருந்தும் இல்லை.

இதை நான் பணம் கொடுத்தே கற்றுக்கொண்டேன். மேலே பூச்சு பளபளத்த ஓர் எஞ்சினை வாங்கி, இரண்டு ஆண்டு கழித்துப் பெட்டியைத் திறந்தபோது சக்கரங்கள் இருந்த இடத்தில் சாம்பல் நிறத் தூள் கிடந்தது. விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். அவரும் கீழே புரட்டிப் பார்த்திருக்க மாட்டார். நீங்கள் புரட்டிப் பாருங்கள். சக்கரத்தில் மயிர்க்கோடு போன்ற வெடிப்பு, வளைந்த அடிச்சட்டம், காரணமின்றிக் கொப்பளித்த பூச்சு, கையால் உருட்டும்போது ஓரிடத்தில் இறுகும் அச்சு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் விலகிவிடுங்கள். மாற்று வார்ப்புகள் கிடைக்கும் வகை என்றால் மட்டும், அந்தச் செலவையும் சேர்த்து விலை பேசலாம்.

வாங்கியபின், பெட்டிக்குள் பழைய நுரைப் பஞ்சு இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். காலப்போக்கில் அது பிசுபிசுத்துப் பூச்சோடு ஒட்டிக்கொள்ளும். அமிலமற்ற மெல்லிய தாளில் சுற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பல ஆண்டு ஓடாத மோட்டாரில் பழைய கிரீஸ் கெட்டிப்பட்டிருக்கும் என்பதால், அதைத் துடைத்து எடுத்து, அச்சுகளில் புதிய எண்ணெய் ஒரு துளி விடும்வரை மின்சாரம் கொடுத்துச் சோதிக்காதீர்கள்.