மெல்லிய மடிக்கணினி வாங்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மொழிபெயர்ப்பு என் தொழில். இரண்டரைக் கிலோ மடிக்கணினியையும் அதன் சார்ஜரையும் நாள்தோறும் சுமந்து சென்று தோள்பட்டை வலி வந்துவிட்டது. ஒன்றேகால் கிலோ எடையுள்ள மெல்லிய மடிக்கணினி ஒன்றை வாங்க நினைக்கிறேன். அத்தகையவை பார்க்க அழகாக இருக்குமே தவிர வேலைக்கு உதவாது என்று உடன் பணிபுரிவோர் தடுக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியா?

பதில்: உங்கள் வேலையைப் பொறுத்தவரை சரியில்லை. தயங்காமல் வாங்குங்கள். அவர்களுடைய கருத்துக்கு ஒரு காலத்தில் வலுவான காரணம் இருந்தது. 2008 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து முதல் மேக்புக் ஏர் என்ற மெல்லிய மடிக்கணினியை எடுத்துக் காட்டியபோது உலகம் வியந்தது, ஆனால் 1.36 கிலோ எடையுள்ள அந்தக் கணினியில் யூ.எஸ்.பி. போர்ட் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதன் அடிப்படை மாதிரியில் இருந்த 80 ஜி.பி. வன்தட்டும் மெதுவானது. பிறகு வன்தட்டின் இடத்தை, சுழலும் பாகங்கள் இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. பிடித்துக்கொண்டது; கணினியின் மூளையான செயலிகளும் (பிராசசர்) குறைந்த மின்சாரத்தில் கூடுதல் வேலை செய்யும் நிலைக்கு வந்தன. 2020 நவம்பரில் எம்1 செயலியுடன் வெளிவந்த மேக்புக் ஏரில் மின்விசிறியே கிடையாது. ஆயினும் எழுத்துப் பணி, இணையம், அகராதிகள், காணொளிக் கூட்டங்கள் ஆகியவற்றுக்கு அதன் வேகம் தாராளமாகப் போதுமானதாக இருந்தது. இன்று நல்ல நிறுவனங்கள் தயாரிக்கும் மெல்லிய கணினிகள் பெரும்பாலானவற்றைப் பற்றியும் இதையே சொல்லலாம்.

இருப்பினும் மெலிவும் எடைக் குறைவும் ஒன்றல்ல என்பதை மனத்தில் வையுங்கள். தோளுக்கு இதம் தருவது எடைக் குறைவுதான். மெலிவு கண்ணுக்கு விருந்து, அவ்வளவே. மெக்னீசியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.74 கிராம், அலுமினியத்தின் அடர்த்தி 2.7 கிராம், ஆகவே மெக்னீசியக் கலவையில் செய்த சற்றே தடித்த கணினி, அலுமினியத்தில் செய்த மெல்லிய கணினியைவிட எடை குறைந்ததாக இருக்க முடியும். தடிமனில் இரண்டு மூன்று மில்லிமீட்டரை விட்டுக்கொடுத்து, நல்ல விசைப்பலகையும் பெரிய மின்கலமும் கொண்ட கணினியைத் தேர்ந்தெடுப்பதே உங்களுக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. மெக்னீசியக் கலவையில் செய்த மூடி சில மாதிரிகளில் விரலால் அழுத்தினால் லேசாக வளையும். அது குறையல்ல, ஆனால் பையில் அதன்மேல் கனமான புத்தகங்களை அடுக்கினால் திரைக்குக் கேடு. எடையைக் கணக்கிடும்போது சார்ஜரையும் சேர்த்தே பாருங்கள். யூ.எஸ்.பி.-சி வழியாக மின்னேற்றம் செய்யும் கணினியாக இருந்தால், கைப்பேசிக்கும் கணினிக்கும் ஒரே சிறிய சார்ஜரை வைத்துக்கொள்ளலாம்.

நாள் முழுவதும் தட்டச்சு செய்யும் உங்களைப் போன்றோர் செயலியின் பெயரைவிட விசைப்பலகையைத்தான் முதலில் ஆராய வேண்டும். ஒரு விசை ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் கீழிறங்கினால் அது அழுந்தியதை விரல் தெளிவாக உணரும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்தால் பலருக்கு மேசையைத் தட்டுவது போன்ற உணர்வே ஏற்படும். மெலிவுக்காக விசைப்பலகையை அளவுக்கு மீறிச் சுருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு, ஆப்பிள் 2015-இல் வெளியிட்ட 12 அங்குல மேக்புக் சான்று. அதில் அறிமுகமான 'பட்டர்ஃபிளை' விசைகள் சிக்கிக்கொள்கின்றன, ஒரே எழுத்து இருமுறை விழுகிறது என்று புகார்கள் குவிந்ததால், 2018-இல் அந்நிறுவனம் அவ்வகை விசைப்பலகைகளை இலவசமாகப் பழுதுபார்க்கும் திட்டத்தை அறிவிக்க நேர்ந்தது. எனவே வாங்குமுன் கணினியை மேசைமேல் வைத்து, இரண்டு பத்திகளையாவது தட்டச்சு செய்து பாருங்கள். வீட்டில் நெடுநேரம் வேலை செய்யும்போது திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தும் தாங்கி ஒன்றையும் தனி விசைப்பலகையையும் பயன்படுத்துங்கள். தோள்வலி உள்ளவர் கழுத்தையும் வருத்திக்கொள்ளக் கூடாது.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. அண்மையில் வாங்கிய மெல்லிய மடிக்கணினியில் காணொளித் தொகுப்பு செய்கிறேன். தொடக்கத்தில் விரைவாக இயங்கும் கணினி, பத்து நிமிடங்களில் சூடேறி, மிகவும் மந்தமாகிவிடுகிறது. விசிறியின் இரைச்சலும் தாங்க முடியவில்லை. இது பழுதா?

பதில்: நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால் பழுதாகத் தோன்றவில்லை. செயலி உட்கொள்ளும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே வெளியேற வேண்டும். 15 வாட் என்று குறிக்கப்பட்ட செயலிகூட, கடினமான வேலை வந்தவுடன் சிறிது நேரத்துக்கு அதைப் போல் இருமடங்கோ அதற்கும் மேலோ மின்சாரத்தை இழுத்து முழு வேகத்தில் ஓடும்படியே வடிவமைக்கப்பட்டுள்ளது. அந்த வெப்பத்தைச் செம்புக் குழாய் ஒன்று தகடுகளுக்குக் கடத்த, விசிறி அங்கிருந்து வெளியே தள்ளுகிறது. உடல் மெலிய மெலியக் குழாயும் தகடுகளும் விசிறியும் சிறுக்கின்றன. சிறிய விசிறி அதே அளவு காற்றைத் தள்ள வேண்டுமானால் மிக வேகமாகச் சுழன்றாக வேண்டும், இரைச்சலுக்குக் காரணம் அதுவே. உள்வெப்பம் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. நீங்கள் காணும் மந்தம் இதுதான்.

விளம்பரங்களில் வரும் வேகம் பெரும்பாலும் முதல் நிமிடத்தின் வேகம். உங்களைப் போன்றோருக்குத் தேவையானது முப்பதாவது நிமிடத்தின் வேகம். ஒரே பெயருள்ள செயலி இரண்டு கணினிகளில் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதும் இதனால்தான். தொடர்ந்து எத்தனை வாட் வரை அனுமதிப்பது என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் கணினியின் குளிர்விக்கும் திறனுக்கு ஏற்ப முடிவு செய்கிறார்கள். செயலியின் பெயரை மட்டும் பார்த்து வாங்குவோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இப்போதைக்குச் சில வழிகள் உண்டு. மெத்தையிலோ தலையணையிலோ வைத்து வேலை செய்யாதீர்கள். பல மாதிரிகள் அடிப்புறம் வழியாகத்தான் காற்றை இழுக்கின்றன. கணினியின் பின்பகுதியை ஒரு விரற்கடை உயர்த்தி வைத்தாலே வேறுபாடு தெரியும். சார்ஜரை இணைத்து, மின் அமைப்புகளில் உயர்செயல்திறன் முறையைத் தேர்ந்தெடுங்கள். தொகுக்கும்போது குறைந்த துல்லியமுள்ள நகல்களைக் கொண்டு வேலை செய்து, இறுதி வெளியீட்டை மட்டும் மூலக் கோப்புகளிலிருந்து எடுங்கள்; பெரும்பாலான தொகுப்பு மென்பொருள்களில் இவ்வசதி உள்ளது. இவற்றுக்குப் பிறகும் சாதாரண இணையப் பக்கங்களைத் திறக்கும்போதே கணினி கொதித்தால், விசிறி சுழலவில்லை என்றே ஐயுற வேண்டும். உத்தரவாதக் காலத்துக்குள் காட்டிவிடுங்கள். காணொளித் தொகுப்பையே தொழிலாகக் கொள்ளப் போகிறீர்கள் என்றால், அடுத்த முறை இரண்டு விசிறிகளும் இரண்டு கிலோ எடையும் கொண்ட கணினியை வாங்குங்கள். அந்த வேலைக்கு மெல்லிய கணினியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: இப்போது 8 ஜி.பி. ரேம் உள்ளதை வாங்கி, பின்னர் கூட்டிக்கொள்ளலாமா?

பதில்: மெல்லிய கணினிகளில் பெரும்பாலும் முடியாது. அவற்றில் ரேம் எனப்படும் தற்காலிக நினைவகச் சில்லுகள், கணினியின் முதன்மைச் சுற்றுப் பலகையான மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். இடமும் மின்சாரமும் மிச்சமாவதால் இம்முறையைக் கையாளுகிறார்கள். கழற்றி மாற்றத்தக்க எல்பிகேம்2 என்ற புதிய வகை ரேம் 2024-இல் சில மாதிரிகளில் வந்திருக்கிறது, ஆனால் இன்னும் பரவலாகவில்லை. ஐந்தாண்டுகள் பயன்படுத்த எண்ணுபவர் வாங்கும் நாளிலேயே 16 ஜி.பி. எடுத்துவிட வேண்டும். எஸ்.எஸ்.டி. கழற்றக்கூடியதா என்பதையும் கேளுங்கள். அதுவும் பற்றவைக்கப்பட்டிருந்தால், மதர்போர்டு பழுதாகும் நாளில் உங்கள் கோப்புகளையும் மீட்க இயலாமல் போகலாம்; வெளி வட்டு ஒன்றில் தவறாமல் நகல் எடுத்து வையுங்கள்.

கேள்வி: என் புதிய கணினியில் இரண்டு யூ.எஸ்.பி.-சி போர்ட்கள் மட்டுமே உள்ளன. எல்லாவற்றுக்கும் அவை போதுமா?

பதில்: உருவம் ஒன்றாக இருந்தாலும் திறன் ஒன்றல்ல. நொடிக்கு 480 மெகாபிட் மட்டும் கடத்தும் யூ.எஸ்.பி.-சி போர்ட்டும் உண்டு, 40 கிகாபிட் கடத்துவதும் உண்டு. சில போர்ட்கள் வெளித்திரைக்குப் படம் அனுப்பும், சில அனுப்பாது. உங்கள் மாதிரியின் கையேட்டில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியாக எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, ஒரே போர்ட்டில் பல சாதனங்களை இணைக்க உதவும் ஹப் ஒன்றை அதற்கேற்ப வாங்குங்கள்.

கேள்வி: வீட்டில் எப்போதும் சார்ஜரிலேயே வைத்து வேலை செய்கிறேன். மின்கலம் கெட்டுவிடுமா?

பதில்: ஒரேயடியாகக் கெடாது, ஆனால் விரைவில் மூப்படையும். லித்தியம் அயனி மின்கலத்துக்கு முழு மின்னேற்றத்திலேயே இருப்பதும் பகை, வெப்பமும் பகை. மெல்லிய உடலில் மின்கலம் வெப்பத்துக்கு அருகிலேயே இருப்பதால் இரண்டும் சேர்ந்து தாக்குகின்றன. மின்னேற்றத்தை 80 விழுக்காட்டில் நிறுத்தும் அமைப்பு பல கணினிகளில் இருக்கிறது. அதை இயக்கி வையுங்கள், நெடுநேரம் வெளியே செல்லும் நாளில் மட்டும் முழுமையாக ஏற்றிக்கொள்ளுங்கள்.

இதனோடு ஓர் எளிய கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். 54 வாட்-மணி மின்கலம், எழுதும்போது 6 வாட் செலவானால் 9 மணி நேரம் வரும். கடினமான வேலையில் 27 வாட் செலவானால் அதே மின்கலம் 2 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். விளம்பரத்தில் கூறும் மணிக்கணக்கு முதல் வகையைச் சேர்ந்தது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். தொடுபலகை திடீரென அழுந்த மறுத்தாலோ, மூடி சரியாகப் பொருந்தாமல் போனாலோ, அடிப்புறம் மேசைமேல் சமமாக அமராமல் ஆடினாலோ, மின்கலம் உப்பியிருக்கக்கூடும். மெல்லிய கணினியில் உப்புவதற்கு உள்ளே இடமில்லாததால் இந்த அறிகுறிகள் சீக்கிரமே வெளியே தெரியும். உடனே கணினியை அணைத்துச் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். அழுத்திச் சமப்படுத்தவோ குத்தவோ ஒருபோதும் முயலாதீர்கள். மின்கலம் பசையிட்டு ஒட்டப்பட்டிருந்தால் அதை எடுப்பதற்குப் பயிற்சி பெற்ற கை வேண்டும். திருகாணிகளால் பொருத்தப்பட்டிருந்தால் வேலை சுலபம் என்றாலும், உப்பிய மின்கலத்தைப் பழுதுநீக்குநரிடமே ஒப்படையுங்கள்.