கருத்துக் கேட்பதும் முடிவில் இடம் தருவதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தாய்லாந்தின் பொதுச் சுகாதாரத் திட்டம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். எங்கள் மாவட்டத்தில் நடந்த சுகாதாரப் பேரவைக் கூட்டத்துக்கு எங்கள் மகளிர் குழுவின் சார்பில் சென்றிருந்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவில் செவிலியர் இருப்பதில்லை என்று சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. அரசு மருத்துவரான என் உறவினரோ, “எந்தச் சிகிச்சையைத் தருவது என்பதை மக்களைக் கேட்டா முடிவு செய்வார்கள்?” என்கிறார். தாய்லாந்தில் மக்கள் பங்கேற்பு உண்மையிலேயே எதையாவது மாற்றியதா, அல்லது அதுவும் ஒரு சடங்குதானா?

எஸ்.

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

மாற்றியது, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் அல்ல. பணத்தையும் சிகிச்சைப் பட்டியலையும் தீர்மானிக்கும் குழுவுக்குள் மக்களின் பிரதிநிதிகள் அமர்ந்த இடத்தில் மாற்றம் வந்தது; கருத்தைப் பதிவு செய்வதோடு முடிந்த இடத்தில் அது பெரும்பாலும் ஏட்டிலேயே நின்றுவிட்டது.

தாய்லாந்தின் 1997ஆம் ஆண்டு அரசியலமைப்பு, 50,000 வாக்காளர்கள் கையெழுத்திட்டால் ஒரு சட்ட முன்வரைவை நாடாளுமன்றத்தின் முன் வைக்கலாம் என்ற உரிமையைத் தந்தது. அதைப் பயன்படுத்தி, குடிசைப் பகுதி மக்கள், விவசாயிகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள், எச்.ஐ.வி.யோடு வாழ்வோர் ஆகியோரின் அமைப்புகள் அனைவருக்குமான மருத்துவக் காப்புச் சட்டம் கோரிக் கையெழுத்துத் திரட்டின. ஒவ்வொருவரும் அடையாள அட்டையின் நகலையும் வீட்டுப் பதிவேட்டின் நகலையும் சேர்த்துத் தர வேண்டியிருந்தது. ஒரு கிராமத்து முதியவர் இவ்விரண்டையும் எடுத்துத் தர வேண்டுமானால், அந்தச் சட்டம் தனக்கு என்ன தரும் என்பது அவருக்கு முதலில் விளங்கியிருக்க வேண்டும். ஆகவே கையெழுத்து இயக்கமே ஒரு பெரிய மக்கள் கல்வியாக அமைந்தது என்று நான் கருதுகிறேன். சிசாகேத் மாகாணத்தின் ராசி சலாய் கிராமப்புற மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் சங்குவான் நித்யாரம்போங் இந்த அமைப்புகளோடும் அரசியல் கட்சிகளோடும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார். 2001இல் தேர்தலில் வெற்றி பெற்ற கட்சி, ஒவ்வொரு முறை சிகிச்சைக்கும் 30 பாட் (பாட் என்பது தாய்லாந்து நாணயம்) மட்டும் கட்டினால் போதும் என்ற ‘30 பாட்’ திட்டத்தைத் தொடங்கியது. 2002 நவம்பரில் தேசிய சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது.

அந்தச் சட்டத்தில் என்னைக் கவர்ந்தது அதன் 13ஆம் பிரிவு. திட்டத்தை நடத்தும் 30 பேர் கொண்ட வாரியத்தில் 5 இடங்கள் மக்கள் அமைப்புகளுக்கு உரியவை. குழந்தைகள், பெண்கள், முதியோர், தொழிலாளர், விவசாயிகள், நாட்பட்ட நோயாளிகள், சிறுபான்மை இனத்தவர் போன்ற பிரிவினருக்காக உழைக்கும் அமைப்புகள் தங்களுக்குள் கூடித் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கின்றன. 30இல் 5 என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும், ஏறக்குறைய 4.7 கோடிப் பேருக்கான திட்டத்தில் எந்தச் சிகிச்சை சேர வேண்டும் என்று பேசப்படும்போது அதைப் பெற வேண்டியவரும் அதே மேசையில் இருக்கிறார்.

உங்கள் உறவினரின் கேள்விக்கு இங்கிருந்துதான் பதில் சொல்ல முடியும். திட்டம் தொடங்கியபோது எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சையும் சிறுநீரகச் செயலிழப்புக்கான டயாலிசிஸும் பட்டியலில் இல்லை. இரண்டும் காலமெல்லாம் தொடரும் செலவு என்பதே காரணம். எச்.ஐ.வி.யோடு வாழ்வோர் ஓயாமல் போராடினார்கள். சில ஆண்டுகளில் அந்த மருந்து பட்டியலுக்குள் வந்தது. டயாலிசிஸ் விஷயம் இன்னும் கடினமானது. கொடுக்கும் பணத்துக்கு ஏற்ற பலன் அதில் இல்லை என்றே பொருளாதார ஆய்வுகள் கூறின. நோயாளிகளோ, டயாலிசிஸ் செலவுக்காக நிலத்தை விற்று ஓட்டாண்டியாகும் குடும்பங்களை இந்தத் திட்டம் காக்கவில்லை என்றால் வேறு எதற்கு இந்தத் திட்டம் என்று கேட்டார்கள். இது மருத்துவ அறிவால் மட்டும் விடை காணக்கூடிய கேள்வி அல்ல. ஒரு சமூகம் தன் பொதுப்பணத்தால் யாரைக் கைவிடாமல் இருக்க வேண்டும் என்பதைப் பற்றிய கேள்வி அது. அதில் நோயாளிக்கு உள்ள உரிமை மருத்துவருக்கு உள்ளதைவிடக் குறைந்ததாக இருக்க முடியாது.

2008இல் டயாலிசிஸ் சேர்க்கப்பட்டது. எப்படி என்பதை வகுத்தவர்கள் வல்லுநர்கள்தான். வயிற்றில் பொருத்திய குழாய் வழியே திரவத்தைச் செலுத்தி, நாளுக்குச் சுமார் நான்கு முறை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளும் முறைக்கு முதலிடம் தந்தார்கள். திரவப் பைகள் அஞ்சல் துறையின் வழியே வீடு தேடி வந்தன. டயாலிசிஸ் மையத்துக்கு வெகு தொலைவில் வாழும் கிராமத்தவருக்கும் சிகிச்சை எட்டியது. பிறகு 2022இல், வீட்டில் செய்துகொள்ளும் இந்த முறை, மையத்தில் இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் முறை ஆகிய இரண்டில் ஒன்றை நோயாளியே தேர்ந்தெடுக்கலாம் என்றானபோது செலவு வெகுவாகக் கூடியது. நோயாளியின் விருப்பத்துக்கும் பொதுநிதிக்கும் இடையில் இத்தகைய இழுபறி இருக்கவே செய்யும். அதனை எல்லோர் முன்னிலையிலும் பேசித் தீர்ப்பதுதான் நேர்மை.

இனி நீங்கள் ‘சடங்கு’ என்றதற்கு வருகிறேன். உங்கள் மாவட்டத்தில் நடந்ததைப் போலவே பெயர் கொண்ட தேசிய சுகாதாரப் பேரவை தாய்லாந்தில் 2008 முதல் ஆண்டுதோறும் கூடுகிறது. புற்றுநோய்க்குக் காரணமாகும் ஆஸ்பெஸ்டாஸின் பயன்பாட்டை ஒழிக்க வேண்டும் என்று 2010இல் அது தீர்மானித்தது; 2011இல் அமைச்சரவையும் கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. ஆனாலும் முழுத் தடை பல ஆண்டுகளாகியும் வரவில்லை. பேரவை பரிந்துரைக்க மட்டுமே முடியும் என்பதால், தொழில் துறையின் எதிர்ப்பைத் தாண்டிச் செல்லும் வலிமை அதற்கு இல்லை. வாரியத்தில் உள்ள 5 இடங்களுக்குப் பின்னாலோ ஒரு சட்டம் நிற்கிறது. 2017இல், இராணுவ ஆட்சியின்போது, அந்தச் சட்டத்தைத் திருத்த முயன்றபோது, மக்கள் அமைப்புகள் கருத்துக் கேட்புக் கூட்டங்களிலிருந்தே வெளிநடப்புச் செய்தன. முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தால் அதற்குப் பிந்திய கருத்துக் கேட்புக்கு ஒப்புதல் முத்திரையாகத் தாங்கள் இருக்க வேண்டியதில்லை என்பதில் அவர்கள் தெளிவாகவே இருந்தார்கள்.

எனினும் உங்கள் பேரவையைக் கைவிட்டுவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். தாய்லாந்துச் சட்டம், பயனாளிகளையும் சிகிச்சை தருவோரையும் ஆண்டுதோறும் கூட்டிக் கருத்துக் கேட்பதை வாரியத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. கேட்கிறவரே முடிவெடுக்கிறவராகவும் இருப்பதால் அங்கே பேச்சுக்கு மதிப்பு உண்டு. நீங்கள் சொன்ன இரவுச் செவிலியர் பணியிடத்தை நிரப்பும் அதிகாரம் யாரிடம் உள்ளது, அவர் அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தாரா என்பதை முதலில் கேட்டறியுங்கள். அடுத்த கூட்டம் தொடங்கியதும், புதிய கோரிக்கைகளுக்குப் போகும் முன், சென்ற கூட்டத்தில் எழுதப்பட்ட ஒவ்வொன்றும் எந்த அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது, அங்கிருந்து என்ன பதில் வந்தது என்பதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் மகளிர் குழுவிலிருந்து மேலும் சிலரையும் அழைத்துச் செல்லுங்கள்.