ருமேனியாவின் டிரான்சில்வேனியாவில் டிராகுலா கோட்டையைத் தவிரப் பார்க்க என்ன இருக்கிறது? அந்தக் கோட்டைத் தேவாலயங்கள் எல்லாம் ஒன்றுபோலத்தானே?

கேள்வியின் இரண்டாம் பாதியைப் படித்த பிறகுதான் பதில் எழுத உட்கார்ந்தேன். "ஐந்து நாட்களுக்கு மனைவியுடன் போகிறேன், தேவாலயங்களில் ஒன்றைப் பார்த்தால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறத்தாழ இதே கேள்வியை 2018 ஆம் ஆண்டில் நானும் கேட்டேன். கேட்டதோடு நில்லாமல் அதை நம்பி நடந்தும் கொண்டு, பின்னர் பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவரிடம் பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் வரலாறு படித்தவன் அல்லன், நியூரம்பெர்க்கில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் பணிபுரிபவன். தேவாலயங்களைப் பற்றி எழுதுவதால் இவன் யாருக்கோ பரப்புரை செய்கிறான் என்று எண்ண வேண்டாம். நாள் தவறாமல் திருநீறு பூசிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். நீங்களும் ஜெர்மனியிலோ அதற்கு அருகிலோ இருப்பீர்கள், விடுப்பு குறைவு, மனைவிக்கு மலைப்பாதையில் நெடுநேரம் காரில் உட்காரப் பிடிக்காது என்று நானாக எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். தவறாயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த முதல் பயணத்தை ஒரு பயண நிறுவனத்தின் பேருந்தில் மேற்கொண்டோம். பெயர் வேண்டாம். விளம்பரத்தில் "கோட்டைகளும் அரண்சூழ்ந்த தேவாலயங்களும்" என்று போட்டிருந்தார்கள். டிராகுலா கோட்டை என்று எல்லோரும் சொல்லும் பிரான் கோட்டையின் அடிவாரத்தில் வரிசையில் மட்டும் இரண்டு மணி நேரம் நின்றோம். பிளாஸ்டிக் கோரைப்பல் விற்கும் கடைகளைச் சுற்ற மேலும் ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். அதன் பிறகு பிரெஷ்மெர் என்ற ஊரில் பேருந்தை நிறுத்தி, "இருபது நிமிடம், கழிப்பறை வலப்பக்கம்" என்று வழிகாட்டி அறிவித்தார். வெள்ளை மதில், நடுவில் ஒரு தேவாலயம், சுற்றிலும் மரப்படிகள். முற்றத்திலிருந்து நான்கு படங்கள் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். மகள் மேலே ஏற வேண்டும் என்று அடம்பிடித்தாள். நேரமில்லை என்று அதட்டி அழைத்து வந்தேன். அந்த நிறுவனத்தின் மீது எனக்கிருக்கும் கோபத்தில் பாதி உண்மையில் என்மீதே எனக்கிருப்பது.

பிரானைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. 1377 ஆம் ஆண்டில் ஹங்கேரி மன்னர் முதலாம் லாயோஷ் கொடுத்த ஆணையின்படி பிரஷோவ் நகரத்தில் குடியேறியிருந்த, ஜெர்மன் மொழி பேசும் சாக்சன் மக்கள் தங்கள் செலவிலும் உழைப்பிலும் எழுப்பிய எல்லைக் காவற்கோட்டை அது. 1920 இல் ருமேனிய அரசி மேரிக்குக் கொடையாக வழங்கப்பட்டது. அவர் அதை வசிக்கத் தகுந்த, அழகான சிறு அறைகள் கொண்ட இல்லமாக மாற்றினார். இவ்வளவு போதும் ஒரு கட்டடம் பெருமைப்பட. ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் தேடுவது 1897 இல் வெளிவந்த டிராகுலா நாவலின் கோட்டையை. அதை எழுதிய பிராம் ஸ்டோக்கர் டிரான்சில்வேனியாவுக்கு வந்ததே இல்லை. அந்தப் பெயருக்குக் காரணமான விளாட் என்ற சிற்றரசன் உண்மையில் பயன்படுத்திய பொயெனாரி கோட்டை மலைத்தொடரின் தென்புறம், அவன் ஆண்ட வலாக்கியாப் பக்கத்தில், 1480 படிகளுக்கு மேலே இடிந்து கிடக்கிறது. பிரானுக்குப் போவதானால் காலையில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள்.

இப்போது அந்த மூதாட்டி. எங்கள் மாடியில் எதிர்வீட்டில் தனியாக இருந்தார். நான் முறைப்படி குடும்பப் பெயரைச் சொல்லி அழைப்பேன்; என் மகள் மட்டும் "ஓமா" என்பாள், அதாவது பாட்டி. அவர் ஜெர்மனியில் பிறந்தவர் அல்லர் என்பதும், "டார்ட்லாவ்" என்ற ஊரிலிருந்து 1990 இல் இரண்டு பெட்டிகளோடு வந்தவர் என்பதும் எனக்குத் தெரியும். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. பயணப் படங்களைக் காட்ட மகள் அவரை அழைத்து வந்தாள். மூன்றாவது படத்தில் அவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திரையை மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "மேலே போனீர்களா? எங்கள் அறை மூன்றாவது வரிசையில் இருக்கிறது" என்றார். டார்ட்லாவும் பிரெஷ்மெரும் ஒரே ஊர். அங்கே ஒவ்வோர் ஊருக்கும் ருமேனிய மொழியில் ஒரு பெயர், ஜெர்மன் மொழியில் ஒரு பெயர், ஹங்கேரிய மொழியில் ஒரு பெயர் உண்டு. பிரஷோவ் என்பதுதான் க்ரோன்ஸ்டாட், அதுதான் பிரஷோ. இது தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரரின் ஊர் முற்றத்தில் நின்று கழிப்பறைக்கு வழி கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"எங்கள் அறை" என்று அவர் சொன்ன சொல்லில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. கோட்டை என்றவுடன் நமக்கு அரசனும் அந்தப்புரமும் நினைவுக்கு வருகின்றன. இவை அப்படிப்பட்டவை அல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ஹங்கேரி மன்னர் இரண்டாம் கேசா, கார்பாத்திய மலைகளின் உட்புறத்து எல்லையைக் காக்கவும் நிலத்தைத் திருத்தவும் ஜெர்மன் மொழி பேசும் குடியானவர்களை வரவழைத்தார். 1224 இல் இரண்டாம் ஆந்திராஸ் அவர்களுக்கு உரிமைப் பட்டயம் வழங்கினார். அதனால் அவர்கள் எந்தப் பிரபுவுக்கும் அடிமைப்படாமல் மன்னரின் நேரடிக் குடிகளாக இருந்தார்கள். அடக்கி ஆளப் பிரபு இல்லையென்றால் காப்பாற்றவும் பிரபு இல்லை. 1241 இல் மங்கோலியப் படை புகுந்து அழித்தது. பின்னர் துருக்கியப் படைகளின் சூறையாடல் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. பிரஷோவ், சிபியு போன்ற நகரங்கள் தங்களைச் சுற்றி மதில் கட்டிக்கொண்டன. கிராமத்தாரிடம் ஊரையே சுற்றிக் கட்ட வசதியில்லை. எனவே ஊரின் நடுவிலிருந்த ஒரே கற்கட்டடமான தேவாலயத்தைச் சுற்றி மதிலும் கொத்தளமும் எழுப்பி, ஆபத்து வரும்போது ஆடுமாடுகளோடு உள்ளே போய்விட்டார்கள். சுமார் 150 இன்றும் நிற்கின்றன. அவற்றுள் ஏழு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளன.

பிரெஷ்மெர், புசாவு கணவாய் வழியாக வருபவர்களுக்கு முதலில் எதிர்ப்படும் ஊர்களில் ஒன்று. அதனால் அதன் மதில் மற்ற ஊர்களினுடையதைவிடத் தடிமனானது, உயரம் சுமார் 12 மீட்டர். மதிலின் உட்புறத்தில் தேன்கூடுபோல 270க்கும் மேற்பட்ட அறைகள், அடுக்கடுக்காக, மரப்படிகளாலும் மரத் தாழ்வாரங்களாலும் இணைக்கப்பட்டிருக்கின்றன. ஊரில் ஒரு வீட்டுக்கு ஓர் அறை. வீட்டின் எண்ணே அறையின் எண். முற்றுகைக் காலத்தில் அதில் குடும்பம் தங்கும். அமைதிக் காலத்தில் தானியமும் உப்பிட்ட பன்றி இறைச்சியும் இருக்கும். முற்றுகை நீடித்தாலும் பிள்ளைகள் படிப்பை விடக் கூடாதென்று மதிலுக்குள்ளேயே பள்ளிக்கூடமும் வைத்திருந்தார்கள்.

2023 மே மாதத்தில் இரண்டாம் முறை போனோம், இம்முறை வாடகைக் காரில். வயது காரணமாக மூதாட்டியால் வர இயலவில்லை. வீட்டு எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்து, "விட்டத்தில் கொக்கிகள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. தாழ்வாரத்துப் பலகைகள் ஒவ்வோர் அடிக்கும் முனகின. மகள் முன்னால் போய் எண்களை உரக்கப் படித்துக்கொண்டே போனாள். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் சுண்ணாம்பும் பழைய மரமும் கலந்த, நம் பக்கத்துப் பழைய குதிர்களில் வருவது போன்ற வாசனை அடித்தது. சில அறைகளைத் திறந்து, பழைய பொருட்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் எண்ணுள்ள அறை பூட்டியிருந்தது. கதவின் இரண்டு பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. அதன் வழியே கைபேசி விளக்கை அடித்து, கண்ணை ஒட்டிப் பார்த்தேன். வெள்ளையடித்த சுவர், தரையில் தூசி, புகை படிந்து கறுத்த ஒரு விட்டம், அதில் கையால் அடித்து வளைத்த இரண்டு இரும்புக் கொக்கிகள். படம் எடுத்துக்கொண்டேன்.

மற்ற ஊர்கள் எப்படி வேறுபடுகின்றன என்பதற்கு வருகிறேன். விஸ்க்ரியில் அறைகளுக்குப் பதிலாக ஓர் இறைச்சிக் கோபுரம்: ஊரார் அனைவரின் பன்றி இறைச்சியும் ஒரே இடத்தில் தொங்கும், ஒவ்வொரு துண்டத்திலும் அந்தந்தக் குடும்பத்தின் முத்திரை இருக்கும், குறித்த நாளில் குறித்த நேரத்தில்தான் கதவு திறக்கும். இப்போதைய பிரித்தானிய மன்னர் சார்ல்ஸ் இளவரசராக இருந்தபோது வீடு வாங்கிய ஊர் என்பதால் அங்கே கூட்டம் கொஞ்சம் வருகிறது. தர்ஜியு சாக்சன் மக்களின் ஊரே அல்ல, ஹங்கேரிய மொழி பேசும் செக்கேய் மக்களுடையது, தேவாலயம் யூனிட்டேரியன் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தது. மதிலுக்குள் இறைச்சியைத் தொங்கவிடும் வழக்கம் அங்கே இன்னும் தொடர்கிறது, சுவரில் 1419 ஆம் ஆண்டு ஓவியங்கள் இருக்கின்றன. பியெர்தான் குன்றின்மேல், மூன்று சுற்று மதில்களோடு நிற்கிறது. 1572 முதல் 1867 வரை லூத்தரன் ஆயரின் இருப்பிடமாக இருந்த ஊர் அது. அங்கே பொருளறைக் கதவின் பூட்டைத் தவறாமல் பாருங்கள்: 1515 ஆம் ஆண்டு வேலை, ஒரே சாவியில் பத்துக்கும் மேற்பட்ட தாழ்கள் நான்கு பக்கமும் பாய்கின்றன, 1900 இல் பாரிஸ் கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். தர ஆய்வுக்காரன் என்ற முறையில் அதன்முன் அரைமணி நேரம் நின்றேன். மனைவி வெளியே போய் அமர்ந்துவிட்டாள். அதே வளாகத்தில், மணமுறிவு கேட்டு வந்த தம்பதியரை ஒரே கட்டில், ஒரே தட்டு, ஒரே கரண்டியோடு அடைத்து வைத்ததாகச் சொல்லப்படும் ஓர் அறையும் உண்டு. கதை எவ்வளவு உண்மையோ, தம்பதியராகப் போகிறீர்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெறாத சிற்றூர்களில் பெரும்பாலும் கதவு பூட்டியிருக்கும். ஒரு தொலைபேசி எண் ஒட்டியிருப்பார்கள். அழைத்தால் சாவிக்காரர் வருவார். எங்களுக்கு ஓர் ஊரில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் மிதிவண்டியில் வந்தார், முழங்கை நீளச் சாவியைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு. ஜெர்மன் பேசுபவர் அந்த ஊரில் தான் ஒருவர்தான் என்றார். இதைக் கேட்டு வியக்க வேண்டியதில்லை: 1945 சனவரியில் வேலை செய்யும் வயதிலிருந்தவர்களைச் சோவியத் சுரங்கங்களுக்குக் கொண்டுபோனார்கள், எங்கள் மூதாட்டியின் தாயாரும் அதில் போனவர், ருமேனியக் கம்யூனிசத் தலைவர் செளஷெஸ்குவின் ஆட்சியில் மேற்கு ஜெர்மனி தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டி ஆட்களை மீட்டது, 1990 இல் எல்லை திறந்ததும் மிச்சமிருந்தவர்களும் பெரும்பாலும் கிளம்பிவிட்டார்கள். எட்டு நூற்றாண்டு நின்றவர்கள் ஓரிரு ஆண்டுகளில் போய்விட்டதால், ஓடு மாற்றக்கூட ஆளில்லாத தேவாலயங்கள் பல. 2016 இல் ஒரே மாதத்தில் இரண்டு ஊர்களில் கோபுரங்கள் சரிந்து விழுந்தன. நுழைவுச் சீட்டு விலை கூடுதல் என்று பேரம் பேசுகிறவர்களை அங்கே பார்த்தேன். அவர்களைப் பற்றி எழுதினால் பதில் நீண்டுவிடும்.

உங்கள் ஐந்து நாளுக்கு: பிரஷோவில் மூன்று இரவு தங்கி பிரெஷ்மெர், பிரான், ரஷ்னோவ், பிறகு சிகிஷ்வாராவில் இரண்டு இரவு தங்கி விஸ்க்ரி, பியெர்தான். ஹுனெதோவாராவின் கோர்வின் கோட்டை பிரமாண்டமானதுதான், ஆனால் மேற்கே தொலைவில் இருக்கிறது, இம்முறை விட்டுவிடுங்கள். ருமேனியா 2025 சனவரியில் உள் எல்லைகளில் பொதுவாகச் சோதனையில்லாத ஷெங்கன் பகுதியில் முழுமையாக இணைந்துவிட்டது, எனவே உங்கள் குடியிருப்பு அட்டையும் கடவுச்சீட்டும் இருந்தால் தனி விசா தேவையில்லை. பிரெஷ்மெருக்கு அரைநாள் ஒதுக்குங்கள், நல்ல கைவிளக்கு ஒன்றும் கொண்டு போங்கள்.

கைவிளக்கைச் சொல்லக் காரணம் உண்டு. ஊர் திரும்பியதும் அந்தப் படத்தை மூதாட்டியிடம் காட்டினேன். பெரிதாக்கச் சொன்னார், விரலை விட்டத்தின்மேல் வைத்து எண்ணினார். "இரண்டுதானா? மூன்று இருந்தனவே. ஒன்று பாட்டியினுடையது" என்றார். இடைவெளி வழியே பார்த்ததால் கதவுக்கு நேர் மேலேயுள்ள பகுதி எனக்குத் தெரியவில்லை. அங்கே இருக்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் போவது உறுதியானால் தனிச் செய்தி அனுப்புங்கள், அறையின் எண்ணைத் தருகிறேன்.