புது பெயின்ட் வாசனை குழந்தைக்கு ஆபத்தா? வீட்டிலுள்ள ரசாயனங்களுக்கு எவ்வளவு பயப்பட வேண்டும்?

கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை. வீட்டுக்குப் பெயின்ட் அடித்து இரண்டு வாரம் ஆகியும் வாசனை போகவில்லை, தவழும் வயதில் குழந்தை இருக்கிறது, ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன் பதில் சொன்னவர்களில் பாதிப் பேர் பிளாஸ்டிக் டப்பாவுக்குத் தாவிவிட்டார்கள். மீதிப் பேர் தண்ணீரும் ஒரு ரசாயனம்தான் என்று உங்களுக்குப் பாடம் நடத்திவிட்டார்கள். பெயின்ட் அடிக்கிறவன் ஒருவன்கூட வாயைத் திறக்கவில்லை. நான் அடிக்கிறவன்.

டாக்டர் இல்லை, வேதியியல் படித்தவனும் இல்லை. ஒரு மேஸ்திரியிடம் உப்புத்தாள் பிடிக்கக் கற்றுக்கொண்டு, பிறகு சொந்தமாக ஆள் வைத்து வேலை எடுப்பவன். பெயின்டருக்கு இதைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்கிறேன்: உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1989இலேயே பெயின்டர் வேலையை, ஒரு தொழில் என்ற வகையிலேயே, புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. என் பிழைப்பே பட்டியலில் இருக்கும்போது அதைப் பற்றி எனக்குப் பேச உரிமை இல்லையா? அதற்காக நீங்கள் பதற வேண்டாம். அதே பிரிவில் மது இருக்கிறது, வெயில் இருக்கிறது, மரத்தூள் இருக்கிறது. ஒரு பொருள் புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்கான ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதை மட்டுமே அந்தப் பட்டியல் சொல்கிறது. எவ்வளவு பட்டால் எவ்வளவு கெடுதல் என்ற கணக்கு அதில் கிடையாது. பெயின்ட் அடித்த அறையில் நாலு நாள் படுத்தவரும், ஆயுள் முழுக்க தின்னர் ஆவியில் நின்றவனும் ஒரே தட்டில் வரமாட்டார்கள்.

உங்கள் கேள்விக்கு நேரடிப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். சுவருக்கு அடிக்கும் தண்ணீர் கலந்த எமல்ஷன் என்றால் வாசனை சில நாளில் அடங்கிவிடும். கதவு, ஜன்னலுக்கு அடிக்கும் எண்ணெய் எனாமல் இன்னும் கொஞ்சம் இழுக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக் குழந்தையை வேறு அறையில் படுக்க வைத்தால் போதும். இரண்டு வாரம் கழித்தும் மூக்கைக் குத்துகிறது என்றால், எனக்குப் பெயின்ட் மேல் சந்தேகம் இல்லை. கூடவே புதிதாக அலமாரி செய்திருப்பீர்கள். மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகைகள் மாதக்கணக்கில் ஃபார்மால்டிஹைடை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். வெப்பமும் ஈரமும் கூடினால் இன்னும் அதிகமாக விடும். தயவுசெய்து அதை மறைக்க ரூம் ஸ்பிரே அடிக்காதீர்கள். எலுமிச்சை மணம் தரும் லிமோனீன் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து மறுபடியும் ஃபார்மால்டிஹைடைத்தான் உண்டாக்குகிறது, கூடவே நுண்துகளையும்.

ஆனால் நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. புது பெயின்ட் அடிப்பதற்கு முன், பழைய பெயின்ட்டை எப்படி எடுத்தார்கள்?

யாரும் இதைக் கேட்பதில்லை, ஏனென்றால் அந்தத் தூசிக்கு வாசனை இல்லை. எல்லோரும் மூக்கை நம்பித்தான் பயப்படுகிறார்கள். மணந்தால் விஷம், மணக்காவிட்டால் சுத்தம். அந்த மூக்கோ சில நிமிடங்களில் பழகிப்போய் எதையும் சொல்லாமல் நின்றுவிடும் உறுப்பு. பழைய பெயின்ட்டில் இருக்கும் காரீயத்தை, அதாவது லெட் என்ற நச்சு உலோகத்தை, அதனால் கண்டுபிடிக்கவே முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பதி பழைய வீடு ஒன்றை வாங்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். தவழுகிற பெண் குழந்தை. அந்தக் கணவர் நன்றாகப் படித்தவர், வாசனையே இல்லாத பெயின்ட்டைத் தேடிப்பிடித்து, கூடுதல் விலை கொடுத்து வாங்கி அடுக்கி வைத்திருந்தார். குழந்தைக்காகவாம். சந்தோஷமாக இருந்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். மர ஜன்னல்கள். ஒன்றின் மூலையைச் சுரண்டியில் லேசாகக் கீறினால் பச்சை, அதற்குக் கீழே பாலாடை நிறம், அதற்கும் கீழே தடித்த வெள்ளை. ஜன்னலைத் திறந்து மூடும்போதெல்லாம் மரமும் மரமும் உரசுகிற இடத்தில் பெயின்ட் அரைபட்டு, கீழ்ச் சட்டத்துப் பள்ளத்தில் மாவு மாதிரி வெளிறிய தூள் படிந்திருந்தது. அதில் விரல் தடம். எழுந்து நிற்கப் பழகும் குழந்தைக்கு வாய் எட்டும் உயரத்தில் சட்டத்தின் விளிம்பில் சின்னச் சின்னப் பல் குறிகள்.

காரீயம் இருந்தால் சிவக்கும் சோதனைக் குச்சி என் பையில் எப்போதும் இருக்கும். கீறிய இடத்தில் தேய்த்தேன், சிவந்தது. அவரிடம் சொன்னேன். அவர் பிடித்துக்கொண்டதெல்லாம் ஒன்றுதான்: மெஷின் வைத்துத் தேய்த்தால் இரண்டே நாளில் முடியுமே, தண்ணீர் தெளித்துக் கையால் தேய்த்தால் எத்தனை நாள் ஆகும்? உலர்ந்த பெயின்ட்டை மெஷினில் தேய்த்தால் ஜன்னலில் இருந்த காரீயம் தூசியாகி வீடு முழுக்கப் படியும் என்றேன். "நீங்கள் வேலையை இழுக்கப் பார்க்கிறீர்கள், நான்தான் வாசனையில்லாத பெயின்ட் வாங்கியிருக்கிறேனே" என்றார். அப்படியானால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிவிட்டேன். அந்த அம்மாதான் கதவருகில் நின்று, "அண்ணா, ஒரு நிமிடம். குழந்தைக்கு ஏதாவது சோதனை இருக்கிறதா?" என்று கேட்டார்.

இருக்கிறது. ரத்தத்தில் காரீய அளவு பார்க்கும் சோதனை. எடுத்தார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளுக்கு வைத்திருக்கும் எச்சரிக்கை அளவு, ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 3.5 மைக்ரோகிராம், 2021 வரை அது 5ஆக இருந்தது. குழந்தைக்கு அதைவிட அதிகமாக வந்தது. பயங்கரமான அளவு இல்லை, ஆனால் அதிகம். இதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையவே கிடையாது என்று உலக சுகாதார அமைப்பே சொல்கிறது. பெரியவர் விழுங்கிய காரீயத்தில் கொஞ்சம்தான் உடலில் தங்கும்; சின்னக் குழந்தையின் குடல் அதைப்போல நாலைந்து மடங்கை உறிஞ்சிக்கொள்ளும். உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்து வைக்கிறது, பல பத்தாண்டுகள் அங்கேயே இருக்கும். மூளை வளரும் வயதில் அது செய்யும் கெடுதல் வெளியே தெரியாது. பிள்ளைக்குப் பாடத்தில் கவனம் இல்லை, பிடிவாதம் அதிகம் என்று பிறகு பேசிக்கொள்வார்கள். ஜன்னலை யாரும் நினைக்கமாட்டார்கள்.

அந்த வீட்டு வேலையை நான்தான் செய்தேன், என் முறையில். குடும்பம் உறவினர் வீட்டுக்குப் போனது. தரையில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்ப்பு, சுரண்டிய துகளை ஈரத்தோடு பையில் கட்டி வெளியேற்றம். வீட்டில் வைத்திருக்கும் சாதாரண வாக்குவம் கிளீனரைத் தொடவிடவில்லை. அது நுண்தூசியை முன்பக்கம் உறிஞ்சிப் பின்பக்கம் காற்றில் விட்டுவிடும். நுண்தூசியையும் பிடித்து வைக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதுதான் வேண்டும். வேலை உடுப்புகளைத் தனியாகத் துவைத்தோம். மறுமுறை ரத்தம் எடுத்தபோது குழந்தையின் அளவு இறங்கியிருந்தது. அந்த அம்மா போன் செய்து சொன்னார்.

கணவர் என்ன செய்தார் தெரியுமா? வேலை தாமதமானது என்று கடைசித் தவணையைப் பிடித்துக்கொண்டார். இதைச் சொல்ல இது இடமில்லை என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன். முன்பணம் கொடுக்கும்போது எல்லோரும் தங்கமான மனிதர்கள். கடைசித் தவணை வரும்போதுதான் சுவரில் இல்லாத கறையெல்லாம் கண்ணில் படும். டாக்டர் பீஸைப் பிடித்துக்கொண்டு கொடுக்கிறவர் உண்டா? வக்கீலிடம் பேரம் உண்டா? ஏணியில் நிற்பவனிடம் மட்டும் உண்டு. இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் வீட்டில் பெயின்டரின் பாக்கி நிற்கிறதோ, நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

போகட்டும். பெயின்டர் சொன்னால் நம்பமாட்டேன், ஆராய்ச்சி வேண்டும் என்பவர்களுக்கு. அச்சுத் தொழிலாளியாக இருந்து அமெரிக்கத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் 1786இல் ஒரு கடிதம் எழுதினார். 1724இல் லண்டன் அச்சகம் ஒன்றில் வேலை பார்த்தபோது, அச்சுக் கோக்கும் காரீய எழுத்துகளை நெருப்பருகே வைத்துச் சூடாக்கிக் காய வைக்கும் பழக்கம் இருந்ததாம். அப்படிச் செய்தால் கை விளங்காமல் போய்விடும் என்று ஒரு வயதான தொழிலாளி அவரை எச்சரித்திருக்கிறார். தொழிலில் இருந்தவனுக்கு அப்போதே தெரியும். 1921இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, கட்டடங்களின் உட்புறத்துக்கு வெள்ளைக் காரீயப் பெயின்ட் கூடாது என்று ஒப்பந்தமே போட்டது. அமெரிக்கா வீட்டுப் பெயின்ட்டில் காரீயத்தைத் தடை செய்தது 1978இல். இடைப்பட்ட காலத்தில் அடித்ததெல்லாம் இன்னும் ஜன்னல்களில்தான் இருக்கிறது. பல நாடுகளில் புது பெயின்ட்டுக்கே இன்றுவரை சட்டம் இல்லை.

இன்னொரு கூட்டத்தார் இருக்கிறார்கள்: ‘உடலின் நச்சை நீக்கும்’ பொடி விற்பவர்கள். எலும்புக்குள் போன காரீயத்தைப் பொடி எடுக்காது. அதை ரத்தத்திலிருந்து இழுத்து வெளியேற்ற மருந்து உண்டுதான். வழக்கமாக ரத்தத்தில் அளவு டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமைத் தொட்ட பிறகே, டாக்டர் கண்காணிப்பில் கொடுப்பார்கள். அதற்குக் கீழே செய்ய வேண்டியது, காரீயம் எங்கிருந்து வருகிறதோ அதை அடைப்பது. வயிறு காலியாக இல்லாமல், இரும்புச்சத்தும் கால்சியமும் குறையாமல் பார்த்துக்கொள்வது.

வாசனையைப் பற்றி இன்னும் ஒன்று, என் ஆட்களுக்கு நான் சொல்வது. பழைய பெயின்ட்டைக் கரைத்து எடுக்கும் திரவங்களில் மெத்திலீன் குளோரைடு இருந்தால் தொடவே வேண்டாம். மோசமான நாற்றம்கூட இல்லை, கொஞ்சம் இனிப்பான வாசனைதான். ஆனால் அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கி நிற்கும்; உடலுக்குள் போனால் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறும். குளியல் தொட்டிக்குள் குனிந்து பெயின்ட் எடுத்தவர்கள் அப்படியே விழுந்து இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2019இல் பொதுமக்களுக்கு அதை விற்பதற்குத் தடை வந்தது. துணி முகக்கவசம் போட்டிருந்தேனே என்று சொல்லாதீர்கள். துணி, தூசியையே சரியாகத் தடுக்காது. தூசிக்கான கவசம் ஆவியைத் தடுக்காது. தின்னர் ஆவிக்குக் கரி வடிகட்டி வேண்டும்; மெத்திலீன் குளோரைடுக்கு அதுவும் போதாது. பெயின்ட் கையைத் தின்னரில் கழுவுவதும் அதே கதைதான். தோலின் எண்ணெயை உரித்துவிட்டு உள்ளே போகும். சமையல் எண்ணெயைத் தேய்த்துத் துடைத்துவிட்டு சோப்புப் போடுங்கள், போய்விடும்.

பெயின்ட் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று ஒருவர் எழுதுவார், பெயின்ட்டைக் கண்டு பயமுறுத்துகிறான் என்று இன்னொருவர் எழுதுவார். இருவரும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்ளட்டும்.

கேட்டவருக்கு: வீடு எந்த ஆண்டு கட்டியது, ஜன்னல் மரமா இரும்பா, பழைய பெயின்ட்டை உலர்வாகத் தேய்த்தார்களா என்று எழுதுங்கள். வீடு புதியது, சுவரும் புதியது என்றால் வாசனைக்காக டாக்டரிடம் ஓட வேண்டாம், அலமாரிக் கதவுகளைப் பகலில் திறந்து வையுங்கள். பழைய வீடு, மெஷின் வைத்துத் தேய்த்தார்கள் என்றால், பெருக்குவதை இன்றே நிறுத்திவிட்டு ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள், ஜன்னல் சட்டத்துப் பள்ளத்தையும் சேர்த்து. குழந்தைக்கு ரத்தச் சோதனை எடுங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்து அதிகம் என்று வந்தால், நரம்பிலிருந்து எடுத்து மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். விரலில் ஒட்டியிருந்த தூசியே அளவை ஏற்றிக் காட்டியிருக்கலாம்.