மூக்கை மூடிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போக முடியாது

கேள்வி: எனக்கு 56 வயது, கணவருக்கு 61. தோட்டக் காரியாலயத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஈபிஎஃப் எனும் சேமலாப நிதிப் பணத்தில் போன வருஷம் ஒரு பழைய ஓட்டோ கியர் கார் வாங்கினோம். ஆகஸ்டில் நாங்கள் இருவரும் மட்டும் கிழக்குக் கரையோரமாகப் பத்து நாள் போய், மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் இருக்கும் பழைய சிநேகிதர்களைப் பார்த்து வர ஆசை. மாமியாரை மகள் வந்து பார்த்துக்கொள்வாள். திருகோணமலையில் தன் சிநேகிதர் வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும் என்கிறார் அவர். மட்டக்களப்பில் இருக்கும் என் பள்ளித் தோழி போன வருஷம் கணவரை இழந்தவள், முதலில் அவளிடம் போக வேண்டும் என்கிறேன் நான். இரண்டு வீட்டுக்கும் மரக்கறி மூட்டை கொண்டு போக வேண்டும். அவருடைய ஓட்டம் எனக்குக் கொஞ்சம் படபடப்புத்தான். எல்ல இறக்கத்தில் ஒரு கருகல் நாற்றம் வரும். கிளச் வாசம், ஒன்றுமில்லை என்பார். நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வேன். கடற்கரை வீதி தட்டை, பயப்படாதே என்கிறார். சண்டை வராமல் அவரை எப்படி என் வழிக்குக் கொண்டு வருவது?
– பெயர் வேண்டாம், பண்டாரவளை

பதில்: சகோதரி, யார் வீட்டுக்கு முதலில் போவது என்பதைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு இரண்டு வரி போதும். மரக்கறி மூட்டைக்கும் சண்டைக்கும் நடுவே ஒரு கருகல் நாற்றத்தைச் செருகி எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் இந்தப் பக்கம் முழுவதும் வேண்டும்.

கார் ஓட்டோ கியர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதில் காலால் மிதிக்கிற கிளச்சே கிடையாது. சாதாரண கியர் கார் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் கிளச் கருகுவது ஏற்றத்தில், வண்டியை அரைக் கிளச்சில் பிடித்து வைத்திருக்கும்போதுதான். இறக்கத்தில் கருகுவது பிரேக். அவர் தெரியாமல் சொன்னாரா, உங்கள் வாயை அடைக்கச் சொன்னாரா என்று நான் கேட்கப் போவதில்லை. நீங்கள் ஏன் மூக்கை மூடினீர்கள் என்றுதான் கேட்கிறேன். முந்தானை போட்டால் நாற்றம் உங்களுக்கு மட்டும்தான் நிற்கும். சக்கரத்துக்குள் பிரேக் பேட் கருகிக்கொண்டுதான் இருக்கும்.

ஸ்டியரிங் அவர் கையில் இருக்கும்போது பெண் பிள்ளை வாய் திறக்கக் கூடாது என்று நம் வீடுகளில் ஓர் எழுதாத சட்டம் இருக்கிறது. குழம்பில் உப்புக் கூடினால் அவர் சொல்லாமல் விடுகிறாரா? காரில் நீங்கள் காத்த அமைதிக்கு மரியாதை என்று பெயர் வைக்காதீர்கள், அது கடமையைத் தட்டிக் கழித்தது. வயதான மாமியாரை மகள் பொறுப்பில் விட்டுப் போகிறீர்கள். பத்து நாளில் திரும்பி வருவோம் என்பது அந்தப் பிள்ளைக்கு நீங்கள் இருவரும் கொடுக்கிற வாக்கு. அந்த வாக்கில் பாதி உங்களுடையது.

கடற்கரை வீதி தட்டைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, வெல்லவாய 200 மீற்றர் அளவில். அந்த ஆயிரம் மீற்றரையும் இறங்கின பிறகுதான் தட்டை வீதி. எல்ல–வெல்லவாய வீதி மட்டும் சுமார் 28 கிலோமீற்றருக்குள் 800 மீற்றருக்கு மேல் இறங்குகிறது. 2025 செப்டெம்பரில் சுற்றுலா வந்த பஸ் ஒன்று அந்த வீதியில்தான் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் இறந்தார்கள். பண்டாரவளையில் இருந்துகொண்டு அந்தச் செய்தி தெரியாமல் இருந்திருக்க முடியாது. வேறு வழி பார்க்கலாமா என்றால், அப்புத்தளை, பெரகலை, கொஸ்லாந்தை வழியாகப் போனாலும் இறக்கம்தான். பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கினாலும் அதேதான். மலையில் குடியிருக்கிறவர்களுக்கு இறங்கத் தெரியாமல் கடல் இல்லை.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து வண்டி 1,200 கிலோ என்று வைத்தால், ஆயிரம் மீற்றர் இறங்கும்போது வெளிவருகிற சக்தி சுமார் 35 லீற்றர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியை டயரும் காற்றும் தின்றுவிடும். மிச்சத்தை எஞ்சின் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் தாங்க வேண்டும். கியரை ‘டி’யில் போட்டுவிட்டுக் காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் முழுச் சுமையும் பிரேக்குக்குத்தான். பேட் அளவுக்கு மீறிச் சூடானால் நாற்றம் வரும். பிறகு மிதி கல்லுப்போல இருக்கும், வண்டி நிற்காது. அதைவிட மோசமானது பிரேக் ஒயில் கொதிப்பது. அந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். தர அளவுப்படி டொட் 3 (DOT 3) என்ற வகை ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. டொட் 4 என்றால் 230, பிறகு 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிறையும், மிதி ஒரே அழுத்தில் தரையைத் தொடும். போன நிமிஷம் வரை பிடித்த பிரேக் இந்த வளைவில் பிடிக்காமல் போவது இப்படித்தான்.

ஆகவே பயணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னரே கராஜுக்குப் போங்கள், நீங்களும் கூடவே போங்கள். “பிரேக் பாருங்க பாஸ்” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். நான்கு சக்கரத்தையும் கழற்றச் சொல்லுங்கள். முன் பேட் 3 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால் மாற்ற வேண்டும். கருகி மினுமினுப்பு ஏறியிருந்தால் தடிப்பு இருந்தாலும் மாற்ற வேண்டும். டிஸ்க்கில் நீல நிறம் ஓடியிருக்கிறதா, மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டை டிஸ்க்கில் அழுத்துகிற கெலிப்பர் இறுகியிருந்தால் ஒரு சக்கரம் மட்டும் எப்போதும் உரசிக்கொண்டே ஓடும். அதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கொஞ்சத் தூரம் ஓடி நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் கிட்ட உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதுதான். பின்பக்கம் டிஸ்க்குக்குப் பதில் ட்ரம் என்றால் அதற்குள் இருக்கிற ஷூவையும் ஹேண்ட் பிரேக் கேபிளையும் பார்க்க வேண்டும்.

பிரேக் ஒயில் மாற்றி இரண்டு வருஷத்துக்கு மேலானால் முழுவதையும் மாற்றுங்கள். பழைய கார் வாங்கியவருக்கு அந்தக் கணக்குத் தெரிந்திருக்காது, ஆகவே மாற்றிவிடுவதே சரி. குறைந்ததை ஊற்றி நிரப்புவது மாற்றுவதாகாது. எந்த ஒயில் என்பது டாங்கி மூடியிலேயே எழுதியிருக்கும். ஒரு லீற்றர் தாராளமாகப் போதும். ஒயில் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றும்போது பெரும்பாலான கார்களில் தூரத்துச் சக்கரமான பின் இடதில் தொடங்குவார்கள். புதிய பேட் போட்டால் மறுநாளே மலை இறங்காதீர்கள். தட்டை வீதியில் 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 10க்கு, நிதானமாக, இடைவெளி விட்டு ஒரு பன்னிரண்டு தடவை பிடித்துப் பழக்க வேண்டும். புதுப் பேட் முதல் நாள் கொஞ்சம் மணக்கும், அது பரவாயில்லை. ஒரு வருஷமாக மணப்பதுதான் வருத்தம்.

இனி ஓட்டம். எல்ல தாண்டி இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே கியரைக் கீழே எடுக்க வேண்டும். உங்கள் காரில் ‘எல்’ (L), ‘எஸ்’ (S), ‘பி’ (B), ‘2’ என்று ஏதாவது எழுதியிருக்கும். ஹைபிரிட் கார் என்றால் ‘பி’ (B). அந்த வகையில் நீண்ட இறக்கத்தில் பற்றரி நிறைந்துவிட்டால் மோட்டார் இழுத்துப் பிடிப்பது குறைந்து, பாரம் கூடுதலாகப் பிரேக்குக்குத் திரும்பலாம் என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த வண்டியாக இருந்தாலும் ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும். எஞ்சின் கத்தும். கத்தட்டும், சிவப்புக் கோட்டைத் தொடாத வரை அதற்கு ஒன்றும் ஆகாது. பெற்றோல் வீணாகிறது என்பார். இன்றைய எஞ்சின்களில் அக்சிலரேட்டரை விட்டுவிட்டுக் கியரில் இறங்கும்போது பெற்றோல் பாய்ச்சுவதே பெரும்பாலும் நின்றுவிடும். மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள்தான் எஞ்சினை ஓடவைக்கப் பெற்றோலையும் எரிக்கிறார்கள், பிரேக்கையும் எரிக்கிறார்கள்.

பிரேக்கில் கால் ஓய்வெடுக்கக் கூடாது. வேகம் 40ஐத் தாண்டினால் மூன்று விநாடி அழுத்திப் பிடித்து 30க்குக் கொண்டு வந்து, காலை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும். பின்னால் பஸ்காரர் ஹோர்ன் அடித்தால் இடம் கண்ட இடத்தில் ஒதுங்கி வழி விடுங்கள். அதில் ரோஷம் பார்க்க ஒன்றுமில்லை.

நாற்றம் வந்தால் வளைவு இல்லாத, வீதிக்கு வெளியே இடமுள்ள இடத்தில் நிறுத்தி, பார்க்கில் (P) போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூடான பின் ட்ரம்மில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி வைக்க வேண்டாம். தண்ணீர் ஊற்றவே கூடாது, டிஸ்க் கோணிப் போகும். அரை மணித்தியாலம் காத்திருங்கள். அதற்குப் பிறகும் மிதி மெத்தென்று இருந்தால் அந்த வண்டி அங்கிருந்து கார் ஏற்றுகிற கெரியர் லொறியில்தான் போக வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே மிதி தரையில் உட்கார்ந்துவிட்டால் எஞ்சினை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். அவர் மிதியைப் பலமுறை வேகமாக அடித்துக்கொண்டே கியரைக் கீழே எடுக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் இருவருக்கும் நடுவில் இருக்கிற லீவர் என்றால் அது உங்கள் வேலை. நுனியிலுள்ள பொத்தானை அழுத்தியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். சக்கரம் சறுக்கினால் உடனே தளர்த்தலாம். வெடுக்கென்று இழுத்தால் வண்டி சுழலும். சில ஜப்பான் கார்களில் அது காலால் மிதிக்கிற பிரேக், அப்படியானால் அவர்தான் பார்க்க வேண்டும். நிற்கவே நிற்காது என்றால் பள்ளத்துப் பக்கத்தைத் தவிர்த்து, மலைப் பக்கத்து மண்திட்டில் பக்கவாட்டாக உரச விட வேண்டும். கார் போனால் போகட்டும். லீவரை இழுத்துப் பழகுவதை வீட்டு வாசலில், கார் நிற்கும்போதே செய்து பாருங்கள்.

மரக்கறி மூட்டையை விடுங்கள். லீக்ஸும் கோவாவும் ஆகஸ்ட் வெயிலில் மூடிய டிக்கியில் மட்டக்களப்பு போய்ச் சேரும்போது வாடித்தான் இருக்கும். இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு என்றால் இன்னோர் ஆளை ஏற்றியதற்குச் சமம். வீட்டுக்கு ஐந்து கிலோ நல்ல தேயிலைத்தூள் கொண்டுபோனால் அவர்களுக்கும் சந்தோஷம், பிரேக்குக்கும் சந்தோஷம். டயர்க் காற்றை ஓடுவதற்கு முன், குளிர்ந்த டயரில் பாருங்கள். அளவு சாரதிக் கதவுத் தூணில் இருக்கும். 230 (கிலோபாஸ்கல்) என்று எழுதியிருந்தால் நம் பம்ப் மீற்றரில் 33 (பிஎஸ்ஐ).

அவரிடம் எப்படிச் சொல்வது? காருக்குள் சொல்ல வேண்டாம், மகள் முன்னால் வேண்டாம். கராஜில், கழற்றிய பேட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது கிளச் வாசம் இல்லையாமே” என்று கேளுங்கள். சண்டை வந்தால் வரட்டும். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய இருவருக்கு ஒரு சண்டை பெரிய விஷயமில்லை. பிரேக்கைப் பார்க்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால், காரை வீட்டில் விட்டு பஸ்ஸில் போவோம் என்று சொல்லுங்கள், சொன்னபடி நில்லுங்கள். போக வேண்டாம் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். சிநேகிதர்களைச் செத்தவீட்டில் மட்டும் சந்திக்கிற பழக்கம் நம்மவர்களுக்கு அதிகமாகிவிட்டது.

இப்போது உங்கள் கேள்வி. பொத்துவில் வழியாக வடக்கே போகிறவருக்கு மட்டக்களப்பு முதலில், திருகோணமலை பிறகு. தோழியைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்பதில் நியாயமும் இல்லை, வழிக் கணக்கும் இல்லை. துக்கம் நடந்த வீட்டுக்கு முதலில் போவதுதான் முறை. அதையும் அவருக்குச் சொல்லுங்கள்.

காலை ஆறரைக்குப் புறப்படுங்கள். வெல்லவாயவில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கிட்டக் கையைக் காட்டிப் பாருங்கள். சியம்பலாண்டுவவுக்கும் பொத்துவிலுக்கும் நடுவே லகுகல காடு, யானை வீதிக்கு வரும். அந்தத் துண்டைப் பகலிலேயே தாண்டிவிடுங்கள், திரும்பி வரும் நாளிலும் அப்படியே. அக்கரைப்பற்று, கல்முனை, காத்தான்குடிப் பக்கம் வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளிவாசல்களைச் சுற்றி நெரிசல் இருக்கும், அந்த நாளைத் தவிர்க்கலாம். தோழிக்கு முதல் நாளே அழைத்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு அல்ல, பின்னேரம் நாலு மணித் தேநீருக்குத்தான் வருவோம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் சாப்பிடாமல் காத்திருப்பார், நேரமாகிறது என்று உங்கள் கணவர் வழியில் வண்டியை விரட்டுவார்.