மகன் கொடுக்கும் கைமாற்று, அம்மா கட்டும் வட்டி

கேள்வி: நான் கோவில்பட்டி பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை. கணவர் இல்லை. ஒரே மகன் எம்.எஸ். படிக்க அக்டோபர் முதல் வாரம் ஜெர்மனிக்கு, மக்டெபர்க் நகருக்குப் போனான். கூடப் படித்த இரண்டு பையன்களும் என் அண்ணன் மகனும் சேர்ந்து நாலு பேர் ஒரே விமானத்தில் போய், ஒரே வீட்டில் இருக்கிறார்கள். கல்விக் கடனில் இதுவரை 12 லட்சம் எடுத்தாகிவிட்டது, 10 சதவீத வட்டி. அண்ணன்தான் ஜாமீன். ஓராண்டுச் செலவுக்கான பணத்தை, மாதாமாதம் தவணையாக மட்டுமே எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுண்டில் போட்டு, கையில் 1,500 யூரோவும் கொடுத்து அனுப்பினேன். ஆனால் போன ஏழு வாரத்தில் இரண்டு முறை வளையலை அடகு வைத்து 1,50,000 ரூபாய் அனுப்பிவிட்டேன். அவனிடம் இருக்கும் என் ஆட்-ஆன் கிரெடிட் கார்டில் 42,000 பாக்கி, மினிமம் மட்டும் கட்டியிருக்கிறேன். இனி மாதம் 20,000 அனுப்பலாம் என்று இருக்கிறேன். எந்த ஆப் வழியாக அனுப்பினால் லாபம்? நகைக் கடனை பர்சனல் லோனாக மாற்றலாமா? கல்விக் கடன் வட்டியை இப்போதே கட்டவா? அங்கே ஒரு சீனியர் மாதம் 100 யூரோவில் பென்ஷன் பாலிசி போடச் சொல்கிறாராம், போடலாமா? வளையலை எப்போது மீட்க முடியும்? அவன் செலவுக் கணக்கு ஆப்பின் படத்தை இணைத்திருக்கிறேன். வெட்டியாகச் செலவு செய்கிற பையன் இல்லை.

பதில்: அம்மா, ஐந்து கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அவற்றை அப்புறம் பார்ப்போம். நீங்கள் கேட்காத ஒன்று அந்தப் படத்தில் இருக்கிறது. கீழே பச்சை எழுத்தில், 'உங்களுக்கு வர வேண்டியது: 1,784 யூரோ'.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று யூரோவை 100 ரூபாயாக வைத்துக்கொள்கிறேன். நிஜத்தில் அதைவிடக் கூடுதல்தான். அப்படிப் பார்த்தாலே 1,78,400 ரூபாய். உங்கள் நகைக் கடன் ஒன்றரை லட்சம், கார்டு பாக்கி 42,000, சேர்த்து 1,92,000. இரண்டு தொகையையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மகன் வெட்டியாகச் செலவு செய்யவில்லை என்றீர்கள், சரிதான். அவன் மூன்று பேருக்கு வட்டியில்லாமல் கைமாற்று கொடுத்துக்கொண்டிருக்கிறான். அதற்கு வட்டி கட்டுவது நீங்கள்.

எப்படி ஆயிற்று என்பதும் படத்திலேயே இருக்கிறது. வீட்டு ஒப்பந்தத்தில் முதலில் கையெழுத்துப் போட்டது உங்கள் மகன். அங்கே வரிசை இப்படி: வீடு கிடைத்தால்தான் முகவரிப் பதிவு, அது முடிந்து வங்கிக் கணக்கு திறந்தால்தான் பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதத் தவணை வரும். அவனுக்கே முதல் தவணை நாலாவது வாரம்தான் வந்திருக்கிறது, மற்ற மூவருக்கும் அதற்கும் பிறகுதான். நாலு பேரில் எவன் கையில் முதலில் காசு இருக்கிறதோ அவன்தான் பொருளாளர். "நீ போடுடா, ஆப்ல எழுதிக்கலாம்." இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் உங்கள் வளையல் போயிருக்கிறது.

வீட்டு முன்பணம் 1,800 யூரோ, முதல் மாத வாடகை 850, மெத்தை, குக்கர், அரிசி என்று 400, பிராக் நகருக்கு ஒரு வார இறுதிப் பயணம் 520. மொத்தமும் உங்கள் மகன் கொடுத்தது. நாலில் மூன்று பங்கு மற்றவர்களுடையது, சுமார் 2,678 யூரோ. ஏழு வாரத்தில் திரும்பி வந்தது 900-க்குக் கொஞ்சம் குறைவு.

நம்மூர் அண்ணாச்சி கடையில் நோட்டுப் போட்டு சாமான் வாங்குவோமே, அதேதான் இந்த ஆப்பும். ஒரே வித்தியாசம், ஒன்றாம் தேதி வாசலில் வந்து நிற்க இங்கே அண்ணாச்சி இல்லை. எழுதியவுடனே பாதி கடன் தீர்ந்துவிட்ட நிம்மதி எல்லோருக்கும் வந்துவிடுகிறது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஆறு பேர் அறையில் ஒன்றரை வருஷம் நான்தான் கணக்கு எழுதினேன். காலி செய்த நாளில் எனக்கு வர வேண்டியது என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியிருந்தது. அதில் ஒருவன் இன்றைக்கும் நல்ல நண்பன். அந்தப் பணத்தைப் பற்றி மட்டும் நாங்கள் பேசுவதில்லை.

இப்போது அவனுடைய சொந்தச் செலவைப் பார்ப்போம். பிளாக்டு அக்கவுண்டில் நீங்கள் போட்ட 11,904 யூரோ மாதம் 992 ஆக வருகிறது. வாடகையில் அவன் பங்கு 212. மாணவர் மருத்துவக் காப்பீடு 145 என்று வையுங்கள். சாப்பாடு, வீட்டில் சமைத்தால் 200. பஸ், ரயில் டிக்கெட்டுக்கு 60, போனுக்கு 15. எல்லாம் சேர்த்து 632. குளிர்கோட்டு, புத்தகம், ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும் என்பதை மறந்து ஸ்டேஷனில் வாங்கித் தின்ற டோனர் ரொட்டி எல்லாவற்றுக்கும் இன்னொரு 150 சேர்த்தாலும் 800-ஐத் தொடாது. மாதம் 200 யூரோ மிஞ்ச வேண்டிய பையனுக்கு நீங்கள் மாதம் 20,000 ரூபாய் அனுப்பத் திட்டம் போடுகிறீர்கள். அது அந்த ஓட்டை வாளிக்குத்தான் போகும். அனுப்பாதீர்கள். எந்த ஆப் என்ற கேள்விக்கும் அதுவே பதில்.

அடுத்தது உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், கேள்வியாக இல்லாமல், போகிறபோக்கில் எழுதிய வரி: "இதில் 820 யூரோ என் அண்ணன் மகன் தர வேண்டியது. மருமகனிடம் போய்க் கணக்கா கேட்பது, அண்ணன் ஜாமீன் போட்டிருக்கிறாரே." இதுதான் முடிச்சு. மற்ற இருவரும் தங்கள் பங்கில் ஏறக்குறைய பாதியைக் கொடுத்துவிட்டார்கள். மருமகன் மட்டும் 70, 80 யூரோ கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறான். அவனிடம் கேட்க முடியாததால் மற்றவர்களிடமும் உங்கள் மகனுக்கு வாய் வரவில்லை. 'அவன்கிட்ட கேட்டியா?' என்று ஒருவன் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வான்?

ஜாமீன் போட்டதற்காக நன்றி இருக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஜாமீனுக்கு என்ன அர்த்தம்? நீங்கள் கட்டத் தவறினால் வங்கி அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டும். நீங்கள் கார்டிலும் அடகிலும் முங்கினால் முதலில் நனைவது அவர்தான். அண்ணனைக் காப்பாற்றத்தான் இந்தக் கணக்கைப் பேச வேண்டும். அவரிடம் புகாராகச் சொல்லாதீர்கள். 'நாலு பையன்களும் வீட்டு அட்வான்ஸைப் பிரித்துப் போடுகிறார்கள் அண்ணே, உங்க மகன் பங்கு 450 யூரோ' என்று முன்பணத்தை மட்டும் முதலில் சொல்லுங்கள். குக்கரையும் பிராக் பயணத்தையும் பிள்ளைகளே பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் கடிதத்தைப் படித்தால் அண்ணனுக்கு இது தெரியவே தெரியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஊரில் பல 'கேட்க முடியாத' கடன்கள் இப்படித்தான், கேட்டதே இல்லை.

கார்டை இன்றே முடக்கச் சொல்லுங்கள். நகைக் கடன் ஏறக்குறைய முக்கால் வட்டி, கார்டு மூன்றரை வட்டி, அதன் மேல் ஜி.எஸ்.டி. வேறு. மாதக் கணக்கில் ஒன்றரை லட்சத்துக்கு 1,125 ரூபாய், 42,000-க்கு 1,735 ரூபாய். சின்னத் தொகைதான் அதிகம் தின்கிறது. மினிமம் மட்டும் கட்டினால், அடுத்து அவன் தேய்க்கும் ஒவ்வொரு யூரோவுக்கும் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும். வெளிநாட்டில் தேய்ப்பதற்கான கட்டணம் தனி. நகைக் கடனை பர்சனல் லோனாக மாற்றும் யோசனையை விட்டுவிடுங்கள். குறைந்த வட்டியிலிருந்து கூடுதல் வட்டிக்கு எதற்கு மாற வேண்டும்?

இனி மகனுக்கு. தம்பி, உன் பெயரில் மட்டும் ஒப்பந்தம் இருப்பது 1,784-ஐ விடப் பெரிய சிக்கல். மாணவர் விடுதியில் காத்திருப்போர் வரிசை நகரும்போது இரண்டு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள், போவது நியாயம்தான். வீட்டுக்காரருக்கு 850 யூரோ கொடுக்க வேண்டியவன் நீ ஒருவன். காலி செய்வதென்றாலும் சாதாரணமாக மூன்று மாத நோட்டீஸ். ஆண்டு முடிந்து ஹீட்டிங் கணக்கு வந்தால் அதுவும் உன் பெயருக்கு. வீட்டுக்காரரிடம் பேசி நாலு பேரையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல். அவர் சம்மதிக்காவிட்டால், அவர் அனுமதியை எழுத்தில் வாங்கி, மற்ற மூவருடனும் தனித்தனி உள்வாடகை ஒப்பந்தம் போடு. ஒவ்வொருவனும் தன் முன்பணத்தை உன்னிடம் கட்ட வேண்டும். இன்னொன்று, அங்கே முன்பணத்தை மூன்று மாதத் தவணையாகக் கட்ட வாடகைதாரருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. யாராவது சொல்லியிருந்தால் முதல் வாரம் 600 யூரோவோடு போயிருக்கும். உன் அம்மாவின் முதல் அடகே தேவைப்பட்டிருக்காது. இனி வீடு மாற்றினால் நினைவில் வை.

பழைய பாக்கிக்கு, மற்ற இருவரும் மாதம் சுமார் 160 யூரோ வீதம் மூன்று மாதம். மருமகப்பிள்ளைக்கு மாதம் சுமார் 205 வீதம் நாலு மாதம். அவர்களுக்கும் அதே 992 வருகிறது, முடியும். தவணை வரும் நாளிலேயே வங்கியில் தானாகப் போகும்படி நிலையான உத்தரவு போட்டுவிடட்டும். 'அப்புறம் தர்றேன்' என்பதை யாரும் வாயால் சொல்ல வேண்டியிருக்காது, நீயும் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியிருக்காது.

வீட்டுச் செலவுக்கு இனி எழுதுவது இல்லை, முன்னால் போடுவதுதான். காலேஜ் மெஸ்ஸில் முன்பணம் கட்டினால்தானே டோக்கன்? சனிக்கிழமை காலை ஒவ்வொருவனும் 35 யூரோ, ஒரு பழைய காபி டப்பாவில். 140 யூரோவோடு கடைக்குப் போங்கள். டப்பா காலியானால் அடுத்த சனி வரை பருப்பும் ரசமும். வெறும் பாட்டில்களை மெஷினில் திருப்பிப் போட்டு வரும் 25 சென்ட்டும் அந்த டப்பாவுக்கே. பயணம் போகிறீர்களா, நாலு பேர் பணமும் வந்து சேர்ந்த பிறகுதான் டிக்கெட். அதில் யாருக்காவது கோபம் வந்தால் அவன் பயணத்துக்கு வராமல் இருப்பான், அவ்வளவுதான். ரேடியோ, டிவி கட்டணம் என்று ஒரு கடிதம் வரும். மாதம் 18.36 யூரோ, வீட்டுக்கு ஒன்றுதான். விளம்பரம் என்று குப்பையில் போடாதே. அதற்கும் டப்பாவிலிருந்து நாலு பங்கு.

சீனியர் சொல்லும் பென்ஷன் பாலிசிக்கு வருகிறேன். வந்த முதல் வாரம் ஸ்டேஷனில் வந்து பெட்டி தூக்கினார், முகவரிப் பதிவுக்குக் கூட வந்தார், அதனால் மறுக்கத் தயக்கமாக இருக்கிறது, இல்லையா? பெட்டி தூக்கியதற்கு ஒரு காபி வாங்கிக் கொடு. 10 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கிப் படிக்கிறவன் முப்பது, நாற்பது வருஷம் கழித்து வரும் பென்ஷனுக்கு மாதம் 10,000 ரூபாய் கட்டுவதை என்னவென்று சொல்வது? இந்த மாதிரிப் பாலிசியில் முதல் சில வருஷத் தவணையில் கணிசமான பங்கு கமிஷனுக்கும் செலவுக்குமே போகும். படிப்பு முடிந்து நாடு மாறி நடுவில் நிறுத்தினால் கட்டியதுகூடத் திரும்பாது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், ஆயுள், பென்ஷன் பாலிசிகளைத் திரும்பப் பெற அங்கே 30 நாள் அவகாசம் உண்டு. தேதியைப் பார்த்து இன்றே கடிதம் அனுப்பு. பங்குச் சந்தை ஆப், மாதம் 25 யூரோ இடிஎஃப் (பல பங்குகளைத் தொகுத்த ஃபண்டு) என்று அறையில் யாராவது ஆரம்பித்தாலும் இதே பதில்தான், கடன் முடியட்டும். மற்றவர்களுக்கு நேரும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீடு மட்டும் எடுத்துக்கொள், மாதம் நாலைந்து யூரோதான். வீட்டுச் சாவி தொலைந்து பூட்டு மாற்றும் செலவையும் ஏற்கும் பாலிசியாகக் கேட்டு வாங்கு.

அம்மா, மறுபடி உங்களுக்கு. அனுப்பலாம் என்று வைத்திருந்த 20,000-ஐ இங்கேயே வையுங்கள். டிசம்பர், ஜனவரி இரண்டு மாதமும் முழுவதும் கார்டுக்கு. பிப்ரவரியில் ஐந்தாறாயிரத்தில் கார்டு முடிந்துவிடும். மீதி 14,000-ஐ நகைக் கடனில் கட்டுங்கள், அங்கிருந்து மாதம் 20,000. கல்விக் கடனுக்கு மாதம் 10,000 வட்டி ஏறுகிறது, தெரியும். படிப்புக் காலத்தில் கட்டாயமில்லை. நகை திரும்பிய பிறகு அந்த 20,000 அப்படியே அங்கே திரும்பட்டும். மகனுக்கு வசூலாகும் பணத்தை இங்கே அனுப்பச் சொல்லாதீர்கள். குடியிருப்பு அனுமதிக்குச் சுமார் 100 யூரோ, அடுத்த செமஸ்டர் கட்டணம், அவசரத்துக்குக் கொஞ்சம் என்று அங்கேயே இருக்கட்டும். இனி 'அம்மா, ஒரு இருபதாயிரம்' என்று போன் வந்தால், ஆப்பில் பச்சை எழுத்தில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

வளையலுக்கு ஒன்றரை லட்சமும் வட்டி ஒரு எட்டு, ஒன்பதாயிரமும் என்றால், பிப்ரவரியில் தொடங்கி எட்டு மாதம், ஒன்பது மாதம். அடகுச் சீட்டில் கெடு தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓராண்டுக் கடன் என்றால் அதற்குள்ளேயே முடிந்துவிடும். அடுத்த தீபாவளிக்குக் கையில் போட்டுக்கொள்ளலாம், அண்ணனிடம் இந்த வாரமே பேசினால்.