மூன்று வாரத்தில் தீரும் பேட்டரி: கார்டு மேல்தான் பழியா?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் எங்கள் மல்லித் தோட்டத்தில் மண் ஈரம் பார்க்க ஒரு கருவி செய்து வைத்திருக்கிறேன். 10 நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, அளவை மெமரி கார்டில் எழுதிவிட்டுத் தூங்கும். கருவியை இயக்கும் சிப்பான கண்ட்ரோலருக்கு, வோல்ட்டை 3.3-இல் நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் தனியாக உண்டு. கார்டைச் செருகும் சிறு போர்டான மாட்யூலுக்குப் பேட்டரியிலிருந்து நேராக வயர். 2600 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி மூன்று வாரம்கூட வரவில்லை. ஜிபி குறைந்த கார்டு போட்டால் நிற்குமா?

பதில்: கார்டை மாற்றிச் செலவு செய்யாதீர்கள். முதலில் மாட்யூலைத் திருப்பிப் பாருங்கள். 1117 என்று எண் போட்ட, மூன்று கால் உள்ள கறுப்பு ரெகுலேட்டர் இருக்கிறதா? சும்மா இருக்கும்போதே அது ஏறக்குறைய 5 மில்லி ஆம்பியர் குடிக்கும். ஒரு நாளைக்கு 120 மில்லி ஆம்பியர்-மணி. 2600-ஐ அதால் வகுத்தால் 21 நாள் சொச்சம். உங்கள் மூன்று வாரக் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

சந்தேகம் இருந்தால் பேட்டரி வயரில் மல்டிமீட்டரைத் தொடராக, மில்லி ஆம்பியரில் வையுங்கள். கருவி தூங்கும் நேரத்தில் கார்டை மட்டும் உருவுங்கள். முள் அசையாமல் 5 பக்கமே நின்றால், கார்டு நிரபராதி. மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சில் மட்டும் வைக்காதீர்கள். எழுதும் நேரத்தில் மீட்டரிலேயே வோல்ட் விழுந்து கருவி ரீசெட் ஆகும்.

இன்னொரு கோளாறும் இதில் உண்டு. அந்த ரெகுலேட்டர் தனக்கென்று ஒரு வோல்ட் போல எடுத்துக்கொள்ளும். பேட்டரி 3.7-க்கு இறங்கும்போது கார்டுக்குப் போவது 2.7-தான். கார்டுக்கு வேண்டியது 2.7 முதல் 3.6 வரை. நடுநடுவே பதிவு விட்டுப்போகிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

சரி, செய்ய வேண்டியது: ரெகுலேட்டரைச் சூடாக்கிக் கழற்றிவிட்டு, அதன் நடுக்கால் இருந்த இடத்தில் உங்கள் கண்ட்ரோலர் ரெகுலேட்டரின் 3.3 வோல்ட்டைச் சால்டர் செய்யுங்கள். மாட்யூலுக்குப் போகும் பழைய பேட்டரி வயரை எடுத்துவிடுங்கள். எழுதும் நொடியில் கார்டு 100 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும், சில நேரம் அதற்கு மேலும்; உங்கள் ரெகுலேட்டர் குறைந்தது 200 மில்லி ஆம்பியராவது தர வேண்டும். கார்டு சாக்கெட்டை ஒட்டி 47 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டர் ஒன்று போடுங்கள்.

அப்புறம்தான் கார்டின் தூக்கம். நல்ல கார்டு தூங்கும்போது ஒரு மில்லி ஆம்பியரில் சிறு பங்குதான் எடுக்கும். சில கார்டுகள் தூங்கவே தூங்காது. எழுதி முடித்து, கார்டைத் தேர்ந்தெடுக்கும் செலக்ட் லைனை உயர்த்திய பிறகு, கூடுதலாக 8 கிளாக் துடிப்பு அனுப்புங்கள். பல புரோகிராம்களில் இதை விட்டுவிடுகிறார்கள்.

மாஸ்ஃபெட் என்னும் மின்னணு சுவிட்ச் வைத்து கார்டின் கரண்டையே வெட்டலாம். ஆனால் வெட்டும் முன் ஃபைலை மூடி, கார்டுக்குப் போகும் எல்லா லைனையும் பூஜ்ஜியத்துக்கு இறக்குங்கள். இல்லையென்றால் அந்த லைன்கள் வழியாகவே கார்டு உறிஞ்சிக்கொண்டிருக்கும். திரும்ப உயிர்ப்பிக்கும் ஒவ்வொரு முறையும் கார்டு தயாராக நேரமும் கரண்டும் பிடிக்கும் என்பதால், 12 அளவுகளைச் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். பேட்டரி திடீரென்று செத்தால் கடைசி இரண்டு மணி நேரப் பதிவு போகும். மல்லிக்குத் தண்ணீர் கட்டுவதை முடிவு செய்ய அது ஒரு இழப்பே இல்லை.